அச்சாணி இல்லாத தேர்: செல்களின் பிணைப்பும் தோலில் எழும் கொப்புளமும்

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, இந்த அரங்கைத் தந்து, நாற்காலி முதல் ஒலிபெருக்கி வரை பார்த்துப் பார்த்து ஏற்பாடு செய்திருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் தோல்நோய்த் துறைத் தலைவர் அவர்களே, நோய்க்குறியியல் பேராசிரியப் பெருமக்களே, அழைப்பை மதித்து வந்திருக்கும் பல் மருத்துவர்களே, ஆய்வுக்கூட நுட்பர்களே, செவிலியர்களே, இடம் போதாமல் கடைசி வரிசையில் நின்றபடி கேட்டுக்கொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். பல் மருத்துவர்களை ஏன் தனியே குறிப்பிட்டேன் என்பது உரையின் பிற்பாதியில் விளங்கும். வரவேற்புரை வழங்கிய தம்பி கலைச்சொற்களைத் தயங்காமல் தமிழில் சொன்னார். அவருக்கு என் தனிப்பட்ட வாழ்த்து.

பள்ளிப் பாடநூலில் திசுவின் படம் போட்டிருப்பார்கள். செங்கல் அடுக்கிய சுவர் மாதிரி செல்கள் வரிசையாக இருக்கும். அந்தப் படத்தில் செங்கல் உண்டு, சாந்து இல்லை. ஒரு செல்லைப் பக்கத்துச் செல்லோடு சேர்த்துப் பிடிப்பது எது, அடித்தளத்தோடு கட்டி வைப்பது எது என்று கேட்காமலே பாடம் முடிந்துவிடும். "அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பது பழமொழி. தேரை அண்ணாந்து பார்த்துக் கும்பிடுகிறோம். சக்கரம் கழன்று போகாமல் காக்கும் ஆணியைக் குனிந்து பார்ப்பவர் குறைவு. இன்று அந்த ஆணியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

செல்லைப் பிடித்து வைக்கும் இந்தப் பிணைப்புகளுக்குச் சந்திப்புகள் என்று பெயர். அவை ஐந்து வகை. முதலாவது இறுக்கச் சந்திப்பு: குடலிலும் சிறுநீரகத்திலும் செல்களுக்கு நடுவே நீரும் உப்பும் கண்டபடி கசியாமல் அடைப்பது. இரண்டாவது, பக்கத்துச் செல்களை ஒட்டவைக்கும் ஒட்டுச் சந்திப்பு. மூன்றாவது, பொத்தான்போல் அவற்றைப் பூட்டும் டெஸ்மோசோம். நான்காவது இடைவெளிச் சந்திப்பு: ஆறு கனெக்சின் புரதங்கள் வளையமாகக் கூடி, எதிர்ச் செல்லின் வளையத்தோடு பொருந்தி அமைக்கும் நுண்குழாய். ஏறத்தாழ 1,000 டால்டன் எடை வரையிலான மூலக்கூறுகள் அதன் வழியே செல்லிலிருந்து செல்லுக்கு நேராகப் போய்வரும். ஐந்தாவது, செல்லை அடித்தளத்தோடு பிணைக்கும், இன்டெக்ரின் என்ற புரதம் சார்ந்த பிடிப்புகள். ஐந்தையும் வரிசையாக விளக்குவதாக அழைப்பிதழில் அச்சாகியிருக்கிறது. முடிந்தவரை முயல்கிறேன்.

இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். அதற்குப் பின்னால் அருமையான வரலாறு ஒன்று இருக்கிறது.

மசாதோஷி தாக்கெய்ச்சி ஜப்பானில் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உயிரியலாளர். செல்கள் எப்படி ஒன்றோடொன்று ஒட்டுகின்றன என்பதுதான் அவருடைய கேள்வி. சோதனை மிக எளிது. வளர்ப்புத் தட்டில் ஒட்டி வளர்ந்த செல்களை, புரதத்தை வெட்டும் டிரிப்சின் நொதியால் பிரித்தெடுப்பார். பிரிந்த செல்களைத் திரவத்தில் மிதக்கவிட்டுச் சுழற்றுவார். மோதிக்கொள்ளும் செல்கள் ஒட்டிக்கொண்டு கொத்துக்கொத்தாகச் சேரும். கியோத்தோவில் இது தவறாமல் நடந்தது. 1970களின் நடுவில் அவர் அமெரிக்காவில் பால்டிமோரிலுள்ள கார்னகி ஆய்வகத்துக்குப் போனார். அங்கும் செல்களைப் பிரித்தார், மிதக்கவிட்டார், சுழற்றினார். ஒட்டவில்லை! செல்கள் தனித்தனியே மிதந்துகொண்டிருந்தன.

அந்த இடத்தில் நம்மில் எத்தனை பேர் "இந்தச் செல் சரியில்லை" என்று தட்டைக் கொட்டிவிட்டு வேறு வேலை பார்க்கப் போயிருப்போம்? அவர் போகவில்லை. இரண்டு ஆய்வகங்களின் கரைசல்களையும் பக்கத்தில் வைத்து, எதில் என்ன கலந்திருக்கிறது என்று ஒப்பிட்டார். வித்தியாசம் ஒன்றே ஒன்றில் நின்றது. பால்டிமோரின் டிரிப்சின் கரைசலில் ஈ.டி.டி.ஏ. இருந்தது, கியோத்தோவின் கரைசலில் இல்லை. ஈ.டி.டி.ஏ. என்பது கால்சியத்தைக் கவ்விக்கொண்டு விடாத பொருள். ஆக, செல்களை ஒட்டவைக்கும் புரதம் ஒன்று இருக்கிறது; கொஞ்சம் கால்சியம் இருந்தால் டிரிப்சின் அதை வெட்டுவதில்லை. கால்சியத்தைப் பறித்துவிட்டால் துண்டு துண்டாக வெட்டிவிடுகிறது. 1977இல் இதை வெளியிட்டார். 1984இல், ஒட்டுச் சந்திப்பைப் பிடித்து நிறுத்தும் அந்தப் புரதத்துக்கு கேடெரின் என்று பெயர் வைத்தார்கள். கால்சியத்தால் ஒட்டுவது என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். தோலும் குடலும் மூளையும் கருவிலேயே தத்தம் வடிவத்துக்கு வர உதவும் மாபெரும் புரதக் குடும்பம் ஒன்று, இரண்டு பாட்டில்களை ஒப்பிட்டுப் பார்த்த பொறுமையில் அகப்பட்டது.

கால்சியம் அங்கே என்ன செய்கிறது? கேடெரினின் வெளிப்பகுதி ஐந்து மணிகள் கோத்த சரம் போன்றது. மணிக்கும் மணிக்கும் நடுவிலுள்ள நான்கு கணுக்களிலும் கணுவுக்கு மூன்றாகக் கால்சியம் அயனிகள் அமர்கின்றன. அவை இருந்தால் சரம் விறைத்துக் கோலாக நின்று எதிர்ச் செல்லின் கோலைப் பற்றும். இல்லாவிட்டால் துவண்டுவிடும், துவண்ட இடத்தில் நொதி புகுந்துவிடும். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது. இந்தத் தேருக்கு அச்சாணி ஒரு சரத்துக்குப் பன்னிரண்டு அயனிகள்.

செல் வளர்ப்பு செய்யும் மாணவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. பிரிக்கும் முன் கால்சியமும் மக்னீசியமும் இல்லாத பாஸ்பேட் உப்புக் கரைசலால் இருமுறை கழுவுங்கள். வளர்ப்பு ஊடகத்தில் கலந்த சீரத்தின் (இரத்தத் தெளிநீரின்) மிச்சம் இருந்தால் அதிலுள்ள தடுப்புப் புரதங்கள் டிரிப்சினை முடக்கிவிடும். வழக்கமான 0.25 சதவீதக் கரைசல் என்றால் 37 டிகிரியில் பெரும்பாலான செல்களுக்கு இரண்டு முதல் ஐந்து நிமிடம் போதும். கடிகாரத்தை நம்பாமல் நுண்நோக்கியில் பாருங்கள். செல்கள் உருண்டு விளிம்பு பளபளத்ததும் சீரம் கலந்த ஊடகத்தை ஊற்றி நிறுத்துங்கள். பொறுமையில்லாமல் குடுவையைத் தட்டினால் செல்கள் தாள் தாளாகப் பெயர்ந்து கட்டியாகும். அளவு மீறி விட்டுவைத்தால் இறந்த செல்களின் டி.என்.ஏ. வெளியேறி, எல்லாம் கோழைபோல் ஒட்டிக்கொள்ளும். கேடெரினையே ஆராயப் போகிறீர்கள் என்றால் ஈ.டி.டி.ஏ.வை விட்டுவிட்டு, 0.01 சதவீத டிரிப்சினில் 1 மில்லிமோலார் கால்சியம் சேர்த்துப் பிரியுங்கள்.

இனி டெஸ்மோசோம். எங்கே இழுப்பும் உராய்வும் அதிகமோ அங்கே இது நிறைய இருக்கும்: தோல், வாயின் உட்சுவர், இதயத் தசை. அரை மைக்ரானுக்கும் குறைவான அகலமுள்ள பொத்தான் அது. வெளியே டெஸ்மோக்ளீன், டெஸ்மோகாலின் என்ற கேடெரின்கள். உள்ளே பிளாக்கோகுளோபின், பிளாக்கோஃபிலின், டெஸ்மோபிளாக்கின் என்ற இணைப்புப் புரதங்கள். அவற்றைப் பிடித்துக்கொண்டு தோல் செல்லுக்குள் குறுக்கும் நெடுக்கும் ஓடும் கெரட்டின் இழைகள். கிரேக்கத்தின் நாக்சோஸ் தீவில் சுருண்டு கம்பளி போன்ற முடி, தடித்த உள்ளங்கை, தாளம் தவறும் இதயம் ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதை 1986இல் மருத்துவர்கள் விவரித்தார்கள். காரணம் பிளாக்கோகுளோபின் மரபணுவில் ஒரு பிழை என்று 2000இல் தெரிந்தது. முடி, உள்ளங்கை, இதயம் மூன்றுக்கும் பொதுவாக இருந்தது அந்த ஒரே ஆணிதான்.

பெரியோர்களே, நான் மேடைதோறும் சொல்லிவரும் விஷயத்துக்கு வந்துவிட்டேன். மற்றச் சந்திப்புகளுக்கு நேரம் குறைந்தாலும் இதைச் சொல்லாமல் இறங்கமாட்டேன்.

பெம்ஃபிகஸ் வல்காரிஸ் என்று ஒரு நோய். உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே டெஸ்மோக்ளீன் 3-க்கு எதிராக எதிர்ப்பொருள் உண்டாக்கிவிடுகிறது. பலருக்கு டெஸ்மோக்ளீன் 1-க்கும் சேர்த்து. ஆணி கழன்றதும் செல்கள் கைவிட்டுப் பிரிகின்றன, நடுவில் நீர் கோக்கிறது. மேலோட்டமான, தொளதொளத்த கொப்புளம் அது, தொட்டாலே உடையும். நலமாகத் தெரியும் தோலை விரலால் அழுத்தித் தேய்த்தால் மேல்தோல் வழுக்கிக் கழன்று வரும். நுண்நோக்கியில் பார்த்தால் அடி வரிசைச் செல்கள் மட்டும் தளத்தைப் பிடித்துக்கொண்டு, கல்லறைக் கற்கள் வரிசையாக நிற்பதுபோல் நிற்கும். மேலே உள்ளவை உருண்டையாகி, கொப்புள நீரில் தனித்து மிதக்கும். பால்டிமோர் குடுவையில் தாக்கெய்ச்சி கண்ட காட்சி மனிதத் தோலுக்குள் நடக்கிறது.

பெரும்பாலோருக்கு இந்த நோய் வாயில் தொடங்குவது ஏன்? தோலில் டெஸ்மோக்ளீன் 1, 3 இரண்டும் உண்டு. ஒன்று போனாலும் மற்றது ஓரளவு தாங்கும். வாயின் உட்சுவரில் 1 மிகக் குறைவு, 3-ஐ நம்பியே அது நிற்கிறது. 3 போனால் வாய்க்கு வேறு ஆதரவில்லை. அதனால் தோலில் ஒரு கொப்புளமும் இல்லாமல் மாதக்கணக்கில் வாய்ப்புண்ணோடு மட்டும் நோயாளி அலைவார். வைட்டமின் மாத்திரை, வாய் கொப்பளிக்கும் மருந்து, பூஞ்சை மருந்து என்று காலம் போகும். பல் மருத்துவர்களை நான் தேடித் தேடி அழைப்பது இதற்குத்தான். இந்த நோயை முதலில் காணும் கண்கள் உங்களுடையவை. மூன்று வாரம் தாண்டியும் ஆறாத வாய்ப்புண்ணுக்குத் திசு எடுத்துப் பாருங்கள்.

எடுப்பதிலும் முறை உண்டு. இரண்டு மாதிரி, இரண்டு குப்பி. முதல் மாதிரியைக் கொப்புளத்துக்குப் பக்கத்தில், ஒரு சென்டிமீட்டருக்குள், புண்ணாகாத தோலிலோ சவ்விலோ 4 மில்லிமீட்டர் பஞ்ச் கருவியால் எடுங்கள். இது, எதிர்ப்பொருள் படிந்த இடத்தை ஒளிரவைத்துக் காட்டும் நேரடி ஒளிர்வுப் பரிசோதனைக்கு. இதை, திசுவை அதற்கென்று கெடாமல் காக்கும் மிஷெல் கரைசலில் போடுங்கள். கரைசல் இல்லையென்றால் சாதாரண சலைன் போதும், ஆனால் 24 மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடம் சேர வேண்டும். எக்காரணம் கொண்டும் ஃபார்மலினில் போடாதீர்கள். ஃபார்மலின் புரதங்களைப் பிணைத்து இறுக்கிவிடும். எதிர்ப்பொருள் அங்கே இருந்தும் ஒளிராது. "நோய் இல்லை" என்று அறிக்கை வரும். இரண்டாவது மாதிரி புதிதாக எழுந்த கொப்புளத்தின் விளிம்பு, கூரையும் அடியும் சேர்ந்தபடி. இதுதான் 10 சதவீத ஃபார்மலினுக்கு. ஒளிர்வு மாதிரியை முதலில் எடுக்கச் சொல்வது, ஃபார்மலின் பட்ட இடுக்கி அதைத் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக.

எங்கே தவறுகிறது? புண்ணின் நடுவிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். அங்கே மேல்செல் அடுக்கே கிடையாது, நோய்க்குறியியலாளர் எதைப் பார்த்துச் சொல்வார்? இரண்டையும் ஒரே குப்பியில் போட்டுவிடுகிறார்கள். இடுக்கியால் நசுக்கிவிடுகிறார்கள். சரியாக எடுத்த மாதிரி ஒளிர்வு நுண்நோக்கியில் மீன்வலை விரித்ததுபோல் பச்சையாக ஒளிரும், ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு கண்ணி. வலைக்குப் பதிலாக மேல்தோலுக்கு அடியில் ஒற்றைக் கோடாக ஒளிர்ந்தால் அது வேறு நோய், பெரும்பாலும் பெம்ஃபிகாய்டு. பெம்ஃபிகாய்டில் தாக்கப்படுவது செல்லை அடித்தளத்தோடு பிணைக்கும் அரை டெஸ்மோசோம், அந்த நோயின் கொப்புளம் விறைப்பாக இருக்கும். ஐந்தாவது வகையைப் பற்றி இன்று இவ்வளவுதான் சொல்ல முடிகிறது, பொறுத்தருள்க.

ஸ்டீராய்டு மருந்து வருவதற்கு முன் பெம்ஃபிகஸ் கண்டவர்களில் பெரும்பாலோர் நீரிழப்பாலும் தொற்றாலும் இறந்தார்கள். இன்று பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு உண்டு. எதிர்ப்பொருள் உண்டாக்கும் பி செல் வரிசையையே குறைக்கும் ரிட்டுக்சிமாப் உண்டு; அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் இந்த நோய்க்கு அதை அனுமதித்தது. மருந்து வந்துவிட்டது, கண்டுபிடிப்பதுதான் தாமதமாகிறது. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது. சிகிச்சை என்ற தேருக்கு அச்சாணி, ஃபார்மலின் படாத அந்த முதல் குப்பி.

இன்னொன்றையும் செவிலியர்களும் மாணவர்களும் நோயாளியின் வீட்டாரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: இது தொற்றாது. தொட்டாலும், ஒரே படுக்கையில் படுத்தாலும், ஒரே பாத்திரத்தில் உண்டாலும் ஒட்டாது. கிருமி இல்லாத நோய் இது. கட்டுப் போடும்போது கையுறை அணிவது, திறந்த புண்ணுக்குள் நம் கையிலிருந்து கிருமி போகாமல் அவரைக் காப்பதற்கு. அதையும் அவரிடமே சொல்லிவிட்டு அணியுங்கள்.

அவைத் தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். இடைவெளிச் சந்திப்புகளை இன்னொரு நாள், அவர்கள் மனமுவந்து அழைத்தால், முழுமையாகப் பேசுகிறேன். வாயிலருகே மேசையில் மாதிரி எடுக்கும் முறையை ஒரே பக்கத்தில் அச்சடித்து வைத்திருக்கிறோம். பல் மருத்துவர்கள் ஆளுக்கொன்று எடுத்துச் சென்று, ஃபார்மலின் குப்பி இருக்கும் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.