வேலையை விட்டே பாடம் நடத்திய பேராசிரியர்: டெரிக் பெல்

(திரையில்: அமெரிக்க வரைபடம். மிசிசிப்பி மாநிலம் மட்டும் நிறம் மாறுகிறது.)

1960களின் தொடக்கம். மிசிசிப்பியில் ஹார்மனி என்று ஒரு சின்ன ஊர். சொந்த நிலம் வைத்துப் பிழைத்த கறுப்பின விவசாயிகள் வாழ்ந்த இடம். ஊர்க்காரர்களே உழைத்துக் கட்டிய பள்ளிக்கூடம் ஒன்று அங்கே இருந்தது. அதைக் கவுண்டி (மாவட்ட) நிர்வாகம் மூடிவிட்டது.

வின்சன் ஹட்சன், டோவி ஹட்சன் என்ற அக்காவும் தங்கையும் ஒரு வக்கீலைப் பார்க்கிறார்கள். எங்கள் பள்ளியைத் திறக்க வழக்குப் போடுங்கள் என்கிறார்கள். கேட்டது அவ்வளவுதான்.

அந்த இளம் வக்கீல் மறுத்துவிடுகிறார். கறுப்பர்களுக்கென்று தனியாக நடக்கும் பள்ளியைத் திறக்க எங்கள் அமைப்பு வழக்காடாது, வெள்ளையர் பள்ளியில் உங்கள் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டுமானால் உதவுகிறோம் என்கிறார்.

அந்த வக்கீல்தான் டெரிக் பெல். பின்னாளில் ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் நிரந்தரப் பதவி பெற்ற முதல் கறுப்பினப் பேராசிரியர். அன்று சொன்ன பதில் சரிதானா என்ற கேள்வி அவரைக் கடைசிவரை விடவில்லை.

(திரையில்: பிட்ஸ்பர்க் நகரம், பழைய புகைப்படம்.)

1930இல் பிட்ஸ்பர்கில் பிறந்தவர். கொரியப் போர்க் காலத்தில் விமானப் படையில் இருந்தார். 1957இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சட்டம் முடித்தபோது அந்த வகுப்பில் இவர் ஒருவர்தான் கறுப்பர். படித்த கையோடு அரசு வேலை, அதுவும் நீதித்துறை அமைச்சகத்தின் குடிமக்கள் உரிமைப் பிரிவில். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பில் அவர் உறுப்பினர். உறுப்பினர் அட்டைக்கு இரண்டு டாலர் சந்தா. அது நடுநிலைக்கு இடைஞ்சல், விட்டுவிடு என்றார்கள் மேலதிகாரிகள். அவர் அட்டையை வைத்துக்கொண்டு வேலையை விட்டார். 1959 அது.

அப்புறம் என்.ஏ.ஏ.சி.பி.யின் வழக்குகளை நடத்திய தர்குட் மார்ஷல் அவரைத் தன் வழக்கறிஞர் குழுவுக்கு அழைத்துக்கொண்டார். பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான அதே மார்ஷல்தான். தென் மாநிலங்களில் 300க்கும் மேற்பட்ட பள்ளி வழக்குகளை பெல் மேற்பார்த்தார். ஜாக்சன் நகர ரயில் நிலையத்தில் வெள்ளையர் காத்திருக்கும் அறையிலிருந்து போன் பேசியதற்காகக் கைதும் ஆனார்.

ஹார்மனியில் அவர் சந்தித்த இன்னொருவரைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. மெக்டொனால்ட் என்ற வயதான பெண்மணி. மிரட்டல்களுக்கு நடுவே போராட்டத்தில் நின்றவர். எப்படித் தாங்குகிறீர்கள் என்று பெல் கேட்டார். நான் கிழவி, வெள்ளைக்காரர்களுக்குத் தொல்லை கொடுக்கத்தான் உயிரோடு இருக்கிறேன் என்றார் அந்த அம்மா. ஜெயிப்போம் என்று அவர் சொல்லவில்லை என்பதைத்தான் பெல் கவனித்தார். பின்னால் எழுதிய எத்தனையோ பக்கங்களுக்கு இதுதான் விதை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஹட்சன் சகோதரிகள் கடைசியில் சம்மதித்து, வெள்ளையர் பள்ளியில் சேர்க்கக் கேட்டுப் போட்ட வழக்கு என்ன ஆனது? ஜெயித்தார்கள். 1964இல் ஹார்மனியிலிருந்து வெள்ளையர் பள்ளிக்குள் போனது ஒரே ஒரு சிறுமி. முதல் வகுப்புப் பிள்ளை. அவளுடைய அப்பாவுக்கு வேலை போனது.

(திரையில்: 1976. யேல் லா ஜர்னல் கட்டுரையின் முதல் பக்கம்.)

1969இல் ஹார்வர்டு அவரை எடுத்துக்கொண்டது. 1971இல் நிரந்தரப் பதவி. 1973இல் இனமும் அமெரிக்கச் சட்டமும் பற்றிய அவருடைய பெரிய பாடநூல் வெளியானது. இதெல்லாம் எந்தப் பேராசிரியரின் குறிப்பிலும் இருக்கக்கூடிய வரிகள். 1976இல் அவர் எழுதிய கட்டுரை அப்படியல்ல. இரண்டு எஜமானர்களுக்கு ஊழியம் செய்வது என்ற விவிலிய வரியைத் தலைப்பாக்கி, தன் சொந்தக் கூட்டத்தையே கேள்வி கேட்டார். நாம் யாருக்காக வாதாடினோம்? கட்சிக்காரருக்காகவா, நம் கொள்கைக்காகவா? பெற்றோர் கேட்டது நல்ல படிப்பு, நாம் வாங்கிக் கொடுத்தது கலப்பு வகுப்பறை என்றார். பழைய தோழர்கள் பலருக்குக் கோபம். ஒரு வக்கீல் தான் ஜெயித்த வழக்குகளையே எடுத்து மறுவிசாரணை செய்வது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. ஹட்சன் சகோதரிகளிடமே இந்தச் சந்தேகத்தைச் சொல்லியிருக்கிறார்.

நான்கு வருடம் கழித்து, 1980இல், ஹார்வர்டு லா ரிவ்யூ என்ற சட்ட இதழில் வந்த கட்டுரைதான் அவரை உலகறியச் செய்தது. கேள்வி எளிமையானது. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954 மே 17 அன்று பிரவுன் வழக்கில் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பும் கறுப்பர்கள் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நியாயம் அப்போதும் நியாயம்தானே? 1954இல் மட்டும் ஏன் காதில் விழுந்தது?

பெல்லின் பதில்: அந்த நேரத்தில் வெள்ளையர் ஆளும் வட்டத்துக்கும் அதில் லாபம் இருந்தது. சோவியத் யூனியனோடு பனிப்போர். ஆசியாவையும் ஆப்பிரிக்காவையும் தன் பக்கம் இழுக்க வேண்டிய அமெரிக்காவின் வீட்டுக்குள்ளேயே தீண்டாமை மாதிரி ஒன்று. இன்னொரு பக்கம், உலகப் போரில் உயிரைப் பணயம் வைத்துவிட்டுத் திரும்பிய கறுப்பின வீரர்கள். தொழில்மயமாகத் துடிக்கும் தென் மாநிலங்கள். இரு தரப்பு நலன்களும் ஒரு புள்ளியில் கூடும்போதுதான் உரிமை கிடைக்கும், கணக்கு மாறினால் அது பின்வாங்கும் என்றார்.

வெறும் கசப்பு என்று பலர் ஒதுக்கினார்கள். ஆனால் 1952 டிசம்பரிலேயே அரசாங்கம் இதே வழக்கில், பிரிவினையால் வெளிநாட்டில் நம் மானம் போகிறது என்று நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்திருந்தது. வரலாற்றாசிரியர் மேரி டட்ஜியாக் 1988இல் அரசு ஆவணங்களைப் புரட்டி பெல்லின் ஊகத்துக்கு ஆதாரம் அடுக்கினார்.

(திரையில்: விண்கலங்கள், கடற்கரை. எளிய வரைபடம்.)

இந்த மனிதர் கதையும் எழுதினார். விளையாட்டுக்கு அல்ல, சட்ட வாதமாகவே. 1992 நூலில் உள்ள 'ஸ்பேஸ் டிரேடர்ஸ்' கதையைப் பாருங்கள். 2000 ஜனவரி 1 அன்று வேற்றுக்கிரகவாசிகள் வருகிறார்கள். கடனை அடைக்கத் தங்கம், சுற்றுச்சூழலைச் சுத்தமாக்கும் ரசாயனம், பாதுகாப்பான அணுசக்தி எல்லாம் தருகிறோம், பதிலுக்கு உங்கள் நாட்டுக் கறுப்பர்கள் அத்தனை பேரையும் கொடுங்கள் என்கிறார்கள். அமெரிக்கா வாக்கெடுப்பு நடத்துகிறது. 70க்கு 30. மார்ட்டின் லூதர் கிங் விடுமுறை நாளில் கறுப்பர்கள் வரிசையாகக் கப்பலேறுகிறார்கள்.

இது சட்டமா, புனைவா என்று கேட்டவர்கள் உண்டு. சிறுபான்மை அறிஞர்களுக்கென்று தனிக் குரல் இருக்கிறது என்ற வாதத்தை, ஹார்வர்டின் இன்னொரு கறுப்பினப் பேராசிரியரான ராண்டல் கென்னடியே 1989இல் கடுமையாக விமர்சித்தார். இனவாதம் அமெரிக்காவை விட்டு என்றுமே போகாது என்ற பெல்லின் முடிவு எனக்கும் முழுதாகச் செரிக்கவில்லை. கதை மட்டும் மனதை விட்டுப் போக மறுக்கிறது.

சரி, அவர் ராஜினாமாக்களுக்கு வருவோம். 1980இல் ஓரிகன் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரிக்கு டீனாகப் போனார். ஹார்வர்டில் அவர் இடம் காலியானதும் மாணவர்களே அவர் பாடநூலை வைத்து ஒரு மாற்று வகுப்பு நடத்தினார்கள். அதில் இருந்தவர்களில் ஒருவர் பின்னாளில் சட்ட அறிஞரான கிம்பர்லே கிரென்ஷா. இனவாதம் சட்டத்துக்குள்ளேயே ஊறியிருக்கிறது என்று பார்க்கும் 'கிரிட்டிகல் ரேஸ் தியரி' என்று இன்று அமெரிக்கா சண்டை போடும் சொல் அந்த வட்டத்திலிருந்து வந்ததுதான். ஓரிகனில், ஆசிய அமெரிக்கப் பெண் ஒருவருக்குப் பேராசிரியர் வேலை தர மறுத்ததால் 1985இல் டீன் பதவியை உதறினார்.

மறு வருடம் ஸ்டான்ஃபோர்டில் கொஞ்ச காலம். அவர் அரசியல் சட்டம் நடத்தும் விதம் சில மாணவர்களுக்குப் பிடிக்கவில்லை. அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அதே பாடத்துக்கு வேறு பேராசிரியர்களை வைத்துத் தனி உரைகள் ஏற்பாடாயின. கறுப்பின மாணவர்கள் எதிர்த்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கல்லூரி மன்னிப்புக் கேட்டது.

1990. மீண்டும் ஹார்வர்டு. சட்டக் கல்லூரியில் நிரந்தரப் பேராசிரியர்கள் 60 பேர். கறுப்பர்கள் 3, பெண்கள் 5. கறுப்பினப் பெண் ஒருவர்கூட இல்லை. ஒருவரை நியமிக்கும்வரை சம்பளமில்லா விடுப்பில் போகிறேன் என்று பெல் அறிவித்தார். மனைவி ஜுவல் புற்றுநோயால் இறந்ததும் அதே வருடம்தான். அவருக்கு ஆதரவாக நடந்த கூட்டத்தில் பேசிய மாணவர்களில் ஒருவர் பெயர் பராக் ஒபாமா.

விடுப்புக்கு விதி இரண்டு வருடம். 1992இல் கூடுதல் அவகாசம் கேட்டார், கல்லூரி மறுத்தது. பதவி போனது. பெல் விடுப்பிலேயே சேர்ந்திருந்த நியூயார்க் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராகத் தொடர்ந்தார்.

1998இல் ஹார்வர்டு சட்டக் கல்லூரி லானி கினியரை நியமித்தது, நிரந்தரப் பதவியில் முதல் கறுப்பினப் பெண். பெல்லுக்கு அப்போது 67 வயது. 2011 அக்டோபர் 5 அன்று இறக்கும்வரை அவர் பெயருக்குப் பின்னால் இருந்தது அதே நியூயார்க்கின் வருகைதரு பேராசிரியர் என்ற பட்டம்தான்.