எதிர்சேவையில நின்ன குறுக்கு ரேஷன் கடையில ஏன் நிக்கல?

(காட்சி: பீரோவின் மேல்பக்கம். தூசி படிந்த ஒரு பெரிய கவர். ஒரு கை அதை இறக்குகிறது.)

இந்தக் கவர் உங்க வீட்லயும் இருக்கும். மடிக்கக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்ததால எங்கயும் அடங்காம பீரோ மேலயே கெடக்கும். என்னோடதுல மூணு எம்.ஆர்.ஐ. படம் இருக்கு. மூணுலயும் ஒரே சேதிதான். எல் 4, எல் 5, அதாவது கீழ் முதுகுல நாலாவது, அஞ்சாவது எலும்பு. அதுக்கு நடுவுல இருக்குற ஜவ்வு வெலகியிருக்கு.

நான் மதுரையில ஒரு பள்ளிக்கூடத்துல அறிவியல் டீச்சர். ஆறு வருஷத்துக்கு முன்னாடி 20 லிட்டர் தண்ணி கேனைத் தூக்கிக் கவுக்கும்போது குறுக்குல சடக்குன்னு ஒண்ணு பிடிச்சுச்சு. மத்த ஊர்க்காரங்க இடுப்பு வலின்னு சொல்வீங்க, எங்களுக்கு அது குறுக்கு வலி. ரெண்டு வாரத்துல சரியாயிரும்னாங்க. இன்னும் இருக்கு.

வலி வந்த ரெண்டாவது வருஷம் சித்திரையில ஒண்ணு நடந்துச்சு. அதைச் சொன்னாத்தான் மத்தது புரியும்.

(காட்சி: தல்லாகுளம், இரவு. கூட்டம், சூடம் எரியும் செம்புகள்.)

அழகரை எதிர்கொண்டு கூப்பிடுற எதிர்சேவை. செம்பு நெறையா சர்க்கரை, மேல சூடம். தல்லாகுளத்துல அஞ்சு மணி நேரம் நின்னேன். சுத்தி வேட்டுச் சத்தம், தண்ணி பீய்ச்சுறவங்க, தோள் மேல பிள்ளைங்க. குறுக்குன்னு ஒண்ணு இருக்குறதே எனக்கு ஞாபகம் வரல.

அடுத்த வாரம் ரேஷன் கடை வரிசை. பத்து நிமிஷம் ஆகல, கண்ணு இருட்டிக்கிட்டு வருது, அங்கேயே திண்ணையில உக்காந்துட்டேன். பின்னாடி நின்ன பக்கத்து வீட்டு அக்கா சொன்னது காதுல விழுந்துச்சு. “சாமி சர்க்கரைக்குன்னா விடிய விடிய நிக்கிறா, ரேஷன் சர்க்கரைக்கு நிக்க முடியலையாம்.”

வீட்டுக்கு வந்து அழுதேன். அவங்க பேசுனதுக்காக இல்ல. அவங்க கேட்டது சரியான கேள்வி, எங்கிட்ட பதில் இல்ல, அதுக்காகத்தான். அதே ஜவ்வு, அதே எல் 4, எல் 5. ஒரு வாரத்துல எலும்பா மாறிருச்சு? அப்ப நான் நடிக்கிறேனா?

இல்ல. அந்த “இல்ல”வுக்குக் காரணம் சொல்லத்தான் இந்த வீடியோ.

(காட்சி: கரும்பலகை. ஒரு கால், ஒரு தண்டுவடம், ஒரு மூளை வரையப்படுகின்றன.)

நம்ம எல்லாரும் நெனைக்கிறது இதுதான்: கால்ல முள்ளு குத்துது, வலி நரம்பு வழியா மேல போகுது, மூளை தெரிஞ்சுக்குது. ஏதோ கோயில் மணிக்கயிறு மாதிரி, கீழ இழுத்தா மேல அடிக்கும். ஆனா கால்லருந்து போறது வலி இல்ல. “இங்க ஏதோ ஆபத்து”ங்குற சேதி மட்டும்தான். அதை வலியா ஆக்கணுமா, எவ்வளவு ஆக்கணும்னு முடிவு பண்றது மூளை. 1965ல ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால்னு ரெண்டு பேர், தண்டுவடத்துல ஒரு கதவு மாதிரி ஏற்பாடு இருக்குன்னு சொன்னாங்க. கீழருந்து வர்ற தொடுகையும் அந்தக் கதவைச் சாத்தும், மேலருந்து மூளையும் சாத்தும், தொறக்கும். முட்டியில இடிச்சுக்கிட்டா ஒடனே தேய்க்கிறோமே, அது கதவைச் சாத்துற வேலைதான். எதிர்சேவையில எனக்குச் சாத்துனது மேலருந்து.

தலைகீழாவும் நடக்கும். 1995ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்த சம்பவம் இது. 29 வயசு கட்டடத் தொழிலாளி ஒருத்தர் மேலருந்து குதிக்கிறார், 15 சென்டிமீட்டர் ஆணி ஷூவைத் துளைச்சு வெளிய வந்திருச்சு. லேசா அசைச்சாலே துடிக்கிறார். மயக்க மருந்து குடுத்துத்தான் ஆணியை எடுத்தாங்க. ஷூவைக் கழட்டிப் பாத்தா, ஆணி ரெண்டு விரலுக்கு நடுவுல போயிருக்கு. கால்ல ஒரு கீறல் இல்ல!

அவர் நடிச்சாரா? அவருக்கு வலிச்சது நெசம். காயம்தான் இல்ல. இந்த ரெண்டையும் தனித்தனியா பிரிச்சு வச்சுக்கங்க.

இப்ப என் கவருக்கு வர்றேன். முதுகுல எந்த வலியும் இல்லாதவங்களை ஸ்கேன் எடுத்துப் பாத்த 33 ஆய்வுகளை 2015ல ஒண்ணாச் சேத்துப் பாத்தாங்க. 40 வயசுக்காரங்கள்ல நூத்துக்கு 50 பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருக்கு. 80 வயசுல 84 பேருக்கு. வலியே இல்லாதவங்களுக்கு! தலைமுடி நரைக்கிற மாதிரி அது உள்ள நரைக்கிறது. இதை முதல் ஸ்கேன் எடுத்த அன்னைக்கே யாராவது சொல்லியிருந்தா, “தேஞ்சு போச்சு, இனி குனியாதீங்க”ங்குற ஒத்த வரியை நாலு வருஷம் சுமந்திருக்க மாட்டேன். அந்த வரியைச் சொன்னவர் ரெண்டு நிமிஷத்துல அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டார். நான்தான் அதுக்கப்புறம் துடைப்பத்தைக்கூட பயந்து பயந்து எடுத்தேன்.

(காட்சி: ஒரு வீட்டு வாசல். கட்டிப்போட்ட நாய்.)

வலி மூணு மாசத்தைத் தாண்டுனா அதை நாள்பட்ட வலின்னு மருத்துவத்துல தனியா வகைப்படுத்துறாங்க. ஏன்னா அதோட குணமே மாறுது. ஒரு தடவை திருடன் வந்துட்டுப் போன வீட்டு நாயைப் பாத்திருக்கீங்களா? அப்புறம் பால்காரரைப் பாத்தாலும் குலைக்கும், பேப்பர் விழுந்தாலும் குலைக்கும். குலைக்கிறது பொய் இல்ல, தொண்டை கிழியத்தான் குலைக்குது. ஆனா திருடன் இல்ல. நரம்பும் அப்படித்தான். திரும்பத் திரும்ப ஆபத்துச் சேதி கேட்டுக் கேட்டு, சின்னத் தொடுகையையும் ஆபத்துன்னு எடுத்துக்கப் பழகிருது. நாயை அடிச்சா இன்னும் மெரளும். தொரத்தியும் விட முடியாது, பிறவியிலேயே வலி தெரியாதவங்க படுற பாடு தனி, நாக்கைக் கடிச்சுக்கிட்டாலும் தெரியாது, எலும்பு முறிஞ்சாலும் தெரியாது. அதனால நாய்க்கு மெதுவா சொல்லிக் குடுக்கணும்: இவர் பால்காரர்.

மனசையும் உடம்பையும் சேத்துப் பாக்குற சிகிச்சைகள்னு சொல்றதெல்லாம் இதைத்தான் வேற வேற வழியில செய்யுது. “எல்லாம் மனசுலதான் இருக்கு, போய்ட்டு வாங்க”ன்னு சொல்றது வேற, இது வேற. நம்ம பாஷைக்கு இது முன்னாடியே தெரியும். கால் நோகுதும்போம், மனசு நோகுதும்போம். உளைச்சல் கை காலுக்கும் உண்டு, மனசுக்கும் உண்டு. வலி ஆய்வுக்கான சர்வதேச சங்கம் 2020ல திருத்தி எழுதுன விளக்கத்துலயும், வலிங்குறது உடம்பு உணர்வும் மன உணர்வும் சேந்த அனுபவம்னுதான் இருக்கு.

நான் ஒரு நோட்டுல தெனமும் வலியை பத்துக்கு எத்தனைன்னு எழுதுனேன். டீச்சர் புத்தி. ரெண்டு மாசம் கழிச்சுத் திருப்பிப் பாத்தா, பள்ளிக்கூடத்துக்கு ஆய்வு வர்ற அன்னைக்கெல்லாம் எட்டு. அதிகாரி வர்ற அன்னைக்கு மட்டும் ஜவ்வு எப்படிங்க வெலகும்?

(காட்சி: மணிக்கட்டில் நாடி பார்க்கும் விரல்கள்.)

முதல்ல மூச்சு. எட்டாம் வகுப்புப் பிள்ளைங்களே செஞ்சு பாத்த சோதனை இது. நாடியில விரலை வச்சுக்கங்க. மூச்சை உள்ள இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும், வெளிய விடும்போது மெதுவாகும். அதனால வெளிய விடுறதை நீட்டுறோம். நாலு எண்ணி உள்ள, ஆறு எண்ணி வெளிய. பத்து நிமிஷம். வலி போகாது. தோள்பட்டையும் தாடையும் இறுகிப் போய் இருந்ததே, அது தளரும். எனக்கு அதுவே பெரிய விஷயமா இருந்துச்சு.

அடுத்தது மைண்ட்ஃபுல்னஸ். 1979ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல ஜான் கபாட் ஜின், பௌத்தத் தியானத்துலருந்து எடுத்து, மதத்தைக் கழிச்சுட்டு, எட்டு வாரப் பாடமா ஆக்குனார். வந்தவங்கள்ல நெறையப் பேர் மருந்துக்கு அடங்காத வலிக்காரங்க. படுத்துக்கிட்டு கால் கட்டைவிரல்லருந்து உச்சந்தலை வரைக்கும் ஒவ்வொரு எடமா கவனத்தை நகத்துறதுதான் முக்கியமான பயிற்சி. வலிக்கிற எடம் வந்தா தாண்டிக் குதிக்கக் கூடாது, சண்டையும் போடக் கூடாது. சூடா இருக்கா, இழுக்குதா, விண்ணு விண்ணுன்னு தெறிக்குதா, ஓரம் எங்க முடியுதுன்னு பாக்கணும்.

சொல்றதுக்குச் சுலபம். முதல் வாரம் எனக்கு வலி கூடுன மாதிரி இருந்துச்சு. ரெண்டாவது வாரம் முட்டியைத் தாண்டுறதுக்குள்ள தூங்கிட்டேன். அம்மாவையும் பக்கத்துல படுக்க வச்சேன், அவங்க கணுக்காலுக்கே குறட்டை. மூணாவது வாரம்தான் வலிக்கும் வலியைப் பத்துன பயத்துக்கும் நடுவுல ஒரு விரல் எடைவெளி தெரிஞ்சுச்சு.

இதுக்கு ஆதாரம் இருக்கா? 2016ல நாள்பட்ட குறுக்கு வலி உள்ள 342 பேரை மூணு குழுவாப் பிரிச்சுப் பாத்த ஆய்வு இருக்கு. ஆறு மாசத்துல, இந்தப் பயிற்சி எடுத்தவங்கள்ல நூத்துக்கு 61 பேருக்கு அன்றாட வேலை செய்றதுல நல்ல முன்னேற்றம். சி.பி.டி.ன்னு சொல்ற, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்துற ஆலோசனை எடுத்தவங்கள்ல 58 பேருக்கு. ஏற்கனவே பாத்துக்கிட்டிருந்த வைத்தியத்தோட மட்டும் இருந்தவங்கள்ல 44 பேருக்கு. அந்த 44ஐ யாரும் விளம்பரத்துல சொல்ல மாட்டாங்க, அதனால நான் சொல்றேன். வித்தியாசம் நூத்துக்கு 17 பேர். அற்புதம் இல்ல, ஆனா சும்மாவும் இல்ல.

இதைவிடப் பெரிய எண்ணும் இருக்கு. 2022ல வந்த ஆய்வு, கொலராடோவுல 151 பேர். “இந்த வலி ஆபத்தோட அடையாளம் இல்ல, மூளை பழகிப்போன தப்பு மணி”ன்னு நாலு வாரம் உக்காத்தி வச்சுப் பயிற்சி குடுத்ததுல, நூத்துக்கு 66 பேர் வலி போச்சு, இல்ல கிட்டத்தட்ட போச்சுன்னாங்க. ஒப்பிட்டுப் பாக்குறதுக்காக மருந்தில்லாத வெறும் உப்புத் தண்ணி ஊசி போட்டவங்கள்ல 20 பேர். ஆனா அவங்கெல்லாம் ஓரளவு மிதமான வலிக்காரங்க. படுத்த படுக்கையா இருக்குற ஒருத்தர்கிட்ட போய் இந்த 66ஐக் காட்டாதீங்க.

ஊசின்னதும் ஒண்ணு. எங்க பாட்டி விபூதி போட்டு வேப்பிலையால மந்திரிச்சா பாதி வலி போயிரும். நம்பிக்கை மட்டும்தான்னு ஒதுக்காதீங்க. 1978ல பல் பிடுங்குனவங்ககிட்ட மருந்தே இல்லாத போலி மருந்தைக் குடுத்து, அதுல வலி கொறைஞ்சவங்களுக்கு, அபின் வகை மருந்தை முறிக்கிற ஊசியைப் போட்டாங்க. வலி திரும்பிச்சு. அப்படின்னா நம்பிக்கை உடம்புக்குள்ளேயே அபின் மாதிரி ஒரு மருந்தை ஊற வைக்குது.

(காட்சி: வண்டியூர் தெப்பக்குளம், அதிகாலை. சுற்றுச்சுவரை ஒட்டி நடப்பவர்கள்.)

எனக்கு இதெல்லாத்தையும்விட உதவுனது நடை. நடந்த விதம்னு சொல்லணும். என் பழக்கம் எப்படின்னா, ஞாயித்துக்கிழமை நல்லா இருக்குன்னு வீட்டுப் போர்வை அத்தனையும் தொவைப்பேன். திங்கள், செவ்வாய், புதன் படுக்கை. ஒரு பிசியோதெரபிஸ்ட் தம்பி சொன்னார்: “டீச்சர், வலிக்குதுன்னு நிறுத்தாதீங்க, வலிக்கலைன்னு ஓடாதீங்க. மணியைப் பாத்து நிறுத்துங்க.”

“நாலு நிமிஷம்தான் நடக்க முடியுது தம்பி.”

“அப்ப மூணு நிமிஷம் நடங்க.”

திருமலை நாயக்கர் வெட்டுன குளத்துல ஒரு பக்கத்தோட பாதி. அவ்வளவுதான் மூணு நிமிஷம். சுத்தி எழுபது வயசுத் தாத்தாங்க என்னைத் தாண்டிப் போறாங்க. வெக்கமாத்தான் இருந்துச்சு. வாரத்துக்கு ஒரு நிமிஷம் கூட்டுனேன். இதுதான் நாய்க்கு பால்காரரைப் பழக்குறது. நடந்தும் ஒண்ணும் ஆகலைங்குறதை மூளை தினம் தினம் பாக்கணும். பேசிப் புரிய வைக்க முடியாது. யோகாவும் இதே வழிதான். 2017ல 320 பேரை வச்சுச் செஞ்ச ஆய்வுல, 12 வார யோகா பிசியோதெரபிக்கு சளைக்கலைன்னு வந்துச்சு. ஆனா வீடியோவைப் பாத்து முதல் நாளே உடம்பை வில்லா வளைக்கிறது யோகா இல்ல. இந்த வீடியோவையும் சேத்துத்தான் சொல்றேன்.

(காட்சி: கரும்பலகையில் சிவப்புச் சாக்பீஸ்.)

இப்ப சொல்றதைக் கவனமாக் கேளுங்க. திடீர்னு ஒண்ணுக்கு, ரெண்டுக்கு கட்டுப்படல, தொடை இடுக்குல மரத்துப் போச்சு, கால்ல பலம் கொறைஞ்சுக்கிட்டே போகுதுன்னா தியானம் பண்ணிக்கிட்டு இருக்காதீங்க. அன்னைக்கே, அந்த ராத்திரியே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. வலியோட காய்ச்சல், காரணமில்லாம எடை கொறையுறது, முன்னாடி புத்துநோய் இருந்தவங்களுக்குப் புதுசா வர்ற வலி, வயசானவங்க விழுந்த பிறகு வர்ற முதுகு வலி, இதெல்லாம் டாக்டர் பாக்க வேண்டியது. காலையில ஒரு மணி நேரத்துக்கு மேல விரல் மடக்க முடியாம வீங்கியிருந்தா அது மூட்டு வாதமா இருக்கலாம். அதுக்கு மருந்து சாப்பிடாட்டி மூட்டு அரிச்சுப் போயிரும், மூச்சுப் பயிற்சி அதைத் தடுக்காது.

சாப்பிடுற மருந்தை நீங்களா நிறுத்தாதீங்க. அதே மாதிரி, மெடிக்கல்ல போய் “குறுக்கு வலிக்கு ரெண்டு மாத்திரை குடுப்பா”ன்னு வருஷக்கணக்கா முழுங்குறதும் வேண்டாம். வயித்துல புண்ணு, கிட்னியில கோளாறு, ரெண்டும் அந்த வழியா வரும். வெளிய போக முடியாதவங்களுக்கு, 2021ல தொடங்குன மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பிசியோதெரபி குடுக்குறாங்க. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க.

(காட்சி: மீண்டும் அதே கவர், அதே பீரோ.)

நோட்டுல முன்னாடி ஆறு, ஏழுன்னு இருந்தது இப்ப பெரும்பாலும் மூணு. பரீட்சைப் பேப்பர் திருத்துற மாசம் அஞ்சு. இந்த வீடியோ எடுக்கும்போதே ரெண்டு தடவை எந்திரிச்சு நடந்துட்டு வந்தேன், வெட்டி ஒட்டியிருக்கோம்.

இந்தச் சித்திரைக்கும் எதிர்சேவைக்குப் போனேன். ஒரு கையில சர்க்கரைச் செம்பு, இன்னொரு கையில பிளாஸ்டிக் ஸ்டூல். பாதி நேரம் உக்காந்துதான் இருந்தேன். பக்கத்து வீட்டு அக்காவும் வந்திருந்தாங்க. ராத்திரி பதினோரு மணி வாக்குல, முட்டி கடுக்குதுடின்னாங்க. நான் எந்திரிச்சு ஸ்டூலைத் தள்ளி விட்டேன்.