முழங்கால் வலிக்கு முதலில் ஒரு எக்ஸ்ரே

(உடற்கல்வி ஆசிரியர்களுக்கான மாவட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் முதன்மைக் கல்வி அலுவலர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் அரசு மருத்துவமனைக் கண்காணிப்பாளர் ஐயா அவர்களே, வரவேற்புரை நல்கிய மூத்த தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தை விட்டுக்கொடுத்த வணிகர் சங்கத்துப் பெரியவர்களே, மைதானத்திலிருந்து சீருடையோடு நேராக வந்து அமர்ந்திருக்கும் உடற்கல்வி ஆசிரியப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம். தேர்வுப் பணிகளுக்கு நடுவே அம்மா அவர்கள் முற்பகல் முழுவதையும் நமக்காக ஒதுக்கியிருக்கிறார். கண்காணிப்பாளர் ஐயா தம் எலும்பு சிகிச்சைப் பிரிவு மருத்துவர்களையும் கையோடு அழைத்து வந்திருக்கிறார். உணவு இடைவேளையில் அவர்களைச் சும்மா விட்டுவிடாதீர்கள், கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிடுங்கள்.

முதுகுத்தண்டு டிஸ்க், நரம்பு வலி, எலும்புப் புற்றுநோய், இவற்றுக்கான காப்பீடு என நான்கு தலைப்புகள் அழைப்பிதழில் இருக்கின்றன. நான்குக்கும் பொருந்துகிற சொலவடை ஒன்று நம்மிடம் உண்டு: “நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடாலி கொண்டு வெட்டுவானேன்?” டிஸ்க் விஷயத்தில் கிள்ளினால் போதுமானதற்குக் கோடாலியைத் தூக்குகிறோம். எலும்புப் புற்றுநோயில், கிள்ளக்கூடிய காலத்தைக் கோட்டை விட்டுவிட்டுக் கோடாலியோடு நிற்கிறோம். நான் சொல்ல வந்தது இதுதான்.

முதலில் டிஸ்க். முதுகெலும்புக் கோவையில் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி 23 டிஸ்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வெளியே வளையம் வளையமாக உறுதியான நார், உள்ளே நுங்கின் சதை மாதிரி வழவழப்பான கூழ். கூழ் நாரைப் பிய்த்துக்கொண்டு பின்பக்கம் பிதுங்கினால் பக்கத்திலிருக்கும் நரம்பு வேரை அழுத்தும். கூடவே அங்கே அழற்சியையும் உண்டாக்கும். இடுப்பில் தொடங்கிப் பிட்டம், தொடை, கெண்டைக்கால், பாதம் என்று இறங்கும் அந்த வலியைத்தான் சயாட்டிகா என்கிறோம். பெரும்பாலும் சிக்குவது இடுப்புப் பகுதியின் கடைசி இரண்டு டிஸ்குகள்.

இந்த உண்மை பிடிபட்டது 1934-இல். பாஸ்டன் நகரில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள் அதை வெளியிட்டார்கள். அதற்கு முன் தண்டுவடத்தை அழுத்திய இந்தத் துண்டுகளை வெளியே எடுத்த பலர், அவற்றைக் குருத்தெலும்புக் கட்டி என்றே எழுதி வைத்தார்கள். அன்று டிஸ்கைக் கட்டி என்றார்கள். இன்று நம் ஊரில் கட்டியைச் சுளுக்கு என்கிறோம். அதைப் பிறகு சொல்கிறேன்.

நம் பக்கத்திலிருந்தும் இந்தத் துறைக்குப் பெரிய பங்களிப்பு போயிருக்கிறது. டிஸ்குக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. மேலும் கீழும் இருக்கும் எலும்புத் தட்டு வழியாகக் கசிந்து வருவதுதான் அதன் உணவு. கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர் ஒரு சாயமருந்தை ஊசியில் செலுத்தி, அது டிஸ்குக்குள் எப்படிப் போகிறது என்று எம்.ஆர்.ஐ. எடுத்து எடுத்துப் பின்தொடர்ந்து 2004-இல் வெளியிட்டார்கள். எலும்புத் தட்டு கெட்டால் டிஸ்கின் உணவு வழியும் கெடுகிறது என்று அதில் தெரிந்தது. 2013-இல் அதே குழு 181 நோயாளிகளை ஆராய்ந்தது. டிஸ்க் பிதுங்கியவர்களில் பெரும்பாலானோருக்கு நார் நடுவில் கிழிந்திருக்கவில்லை. நார் எலும்புத் தட்டோடு சேரும் இடத்தில்தான் பிய்ந்திருந்தது. உலகம் முழுக்கப் படிக்கப்படும் ஆய்வுகள் இவை.

இப்போது கோடாலிக்கு வருவோம். 1994-இல் அமெரிக்காவில், முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். எல்லா டிஸ்கும் சரியாக இருந்தவர்கள் 36 விழுக்காடுதான். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு எங்கோ ஓரிடத்தில் ‘பல்ஜ்’, அதாவது டிஸ்க் லேசாகப் புடைத்து, இருந்தது. ரிப்போர்ட்டில் ‘டிஸ்க் பல்ஜ்’ என்ற சொல்லைப் பார்த்ததும் வீடே கலங்கிப் போகிறதே, அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். சயாட்டிகா வந்தவர்களில் பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரத்துக்குள் வலி தானே தணிகிறது. ஓரிரு நாளுக்கு மேல் படுத்தே கிடக்கத் தேவையில்லை. மெல்ல நடக்கலாம். முன்குனிந்து எடை தூக்கக் கூடாது.

கால் பலவீனத்தை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். குதிகாலில் நடக்கச் சொல்லுங்கள். கட்டைவிரலும் பாதமும் மேலே தூக்காவிட்டால் ஐந்தாவது இடுப்பு நரம்பு சிக்கியிருக்கலாம். நுனிக்காலில் நடக்க முடியாவிட்டால் அதற்கடுத்த நரம்பு. பலவீனம் நாளுக்கு நாள் கூடினால் அறுவை மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் கட்டிக்கொண்டாலோ அன்றே போக வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நரம்புக் கற்றை முழுவதும் நசுங்குவதன் அடையாளம் அது. தாமதித்தால் சிறுநீர்ப்பையின் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம்.

பெரியவர்களின் கதை இது. 12 வயதுப் பிள்ளை முதுகு வலிக்கிறது என்றால் டிஸ்க் என்று நினைக்காதீர்கள். அந்த வயதில் அது அரிது. இரவில் வலித்து எழுப்புகிறதா என்று முதலில் கேளுங்கள். இந்தக் கேள்விக்காகத்தான் உங்களைத் தேடி வந்தேன்.

டெரி ஃபாக்ஸ் என்ற கனடா இளைஞரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1958-இல் பிறந்தவர். குள்ளமான பையன், ஆனால் கூடைப்பந்தில் வெறி. விடாமல் பயிற்சி செய்து கல்லூரி அணியில் இடம் பிடித்தார். 1976 நவம்பரில் கார் ஓட்டிப் போகும்போது, கவனம் சிதறி முன்னால் நின்ற வண்டியின் பின்புறம் மோதிவிட்டார். பெரிய காயமில்லை, வலது முழங்காலில் மட்டும் வலி. டிசம்பரில் அதே இடத்தில் மீண்டும் வலித்தது. விபத்தில் பட்ட அடிதானே என்று நினைத்தார். கூடைப்பந்துப் பருவம் முடியட்டும் என்று பொறுத்துக்கொண்டே ஆடினார். ஆசிரியப் பெருமக்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். நல்ல விளையாட்டுக்காரப் பிள்ளைதான் வலியை மறைப்பான். அணியிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்ற பயம் அவனுக்கு.

1977 மார்ச்சில் வலி தாங்காமல் மருத்துவமனைக்குப் போனார். முழங்காலில் ஆஸ்டியோசர்கோமா, எலும்புப் புற்றுநோய். முழங்காலுக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள். கோடாலி விழுந்துவிட்டது. அவருக்குச் சொல்லப்பட்ட பிழைக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு. இரண்டே ஆண்டுக்கு முன்பு என்றால் அது 15 விழுக்காடாக இருந்திருக்கும் என்றும் சொன்னார்கள். இடையில் வந்தது கீமோ மருந்து. ஆராய்ச்சி என்றால் என்ன என்று அந்த இரண்டு எண்களில் அவர் புரிந்துகொண்டார். பதினாறு மாதம் மருந்தேற்றிக்கொண்டு, பக்கத்துப் படுக்கைப் பிள்ளைகளின் வேதனையையும் பார்த்துவிட்டு, புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடுவேன் என்று கிளம்பினார்.

1980 ஏப்ரல் 12. கிழக்குக் கோடியில் செயின்ட் ஜான்ஸ் நகரம். செயற்கைக் காலை அட்லாண்டிக் கடலில் நனைத்துவிட்டு ஓடத் தொடங்கினார். ஓடுவதற்கென்றே செய்த இன்றைய வளைந்த பிளேடு கால் அன்று கிடையாது. நடப்பதற்குச் செய்த காலை மாட்டிக்கொண்டு, நல்ல காலால் இரண்டு எட்டு, செயற்கைக் காலால் ஒரு எட்டு என்று விந்தி விந்தி ஓட்டம். வெட்டிய முனை புண்ணாகி ரத்தம் கசியும், ஓட்டம் நிற்காது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 42 கிலோமீட்டர். ஒரு முழு மாரத்தான், தினமும்! ஆரம்பத்தில் சாலையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆண்டாரியோ மாகாணத்துக்குள் நுழைந்தபோது ஊர் ஊராகக் கூட்டம் கூடியது. 143 நாள், 5,373 கிலோமீட்டர். செப்டம்பர் 1 அன்று தண்டர் பே அருகே இருமலும் நெஞ்சுவலியும் வந்து நின்றுவிட்டார். புற்றுநோய் நுரையீரலுக்குப் போயிருந்தது. கனடாவின் தலைக்கு ஒரு டாலர் வேண்டும் என்று கேட்டிருந்தார். 1981 பிப்ரவரியில் வசூல் 2 கோடியே 40 லட்சம் டாலரைத் தாண்டியது. ஜூன் 28 அன்று மறைந்தார், வயது 22. அவர் பெயரிலான ஓட்டம் இன்றும் உலகெங்கும் நடக்கிறது. சென்னையிலும் நடந்திருக்கிறது.

அடி பட்டதால் புற்றுநோய் வருவதில்லை. அடி நம் கண்ணை மறைக்கிறது, அவ்வளவுதான். இந்த நோய் அரிது. பத்து லட்சம் இளையோரில் ஆண்டுக்கு நான்கைந்து பேருக்கு வரும். அதனால்தான் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. வேகமாக வளரும் வயதில், தொடை எலும்பின் கீழ்முனை, முழங்காலுக்குக் கீழே கணைக்கால் எலும்பின் மேல்முனை, தோளருகே கை எலும்பின் மேல்முனை ஆகிய இடங்களில் அதிகம்.

சாதாரண வளர்ச்சி வலியோ வேறு மாதிரி. இரண்டு காலிலும் மாறி மாறி வரும், தசையில் வரும், மாலையில் வந்து காலையில் போய்விடும். வீக்கமோ நொண்டலோ இருக்காது. ஒரே காலில், ஒரே இடத்தில், எலும்பின் மேல் வலி, இரவிலும் ஓய்விலும் விடாமல் வாரக்கணக்கில் நீடித்தால், அல்லது கெட்டியான வீக்கம் தெரிந்தால், அன்றே எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். நேராகவும் பக்கவாட்டிலும் இரண்டு படம். முழங்கால் வலி என்று வரும் பிள்ளைக்கு இடுப்பையும் சோதிக்கச் சொல்லுங்கள், இடுப்பு நோய் முழங்காலில் வலியாகக் காட்டும். முதல் படம் சரியாக இருந்தும் வலி போகவில்லையா? இரண்டு மூன்று வாரத்தில் மீண்டும் படம், அல்லது எம்.ஆர்.ஐ.

எக்ஸ்ரே பார்க்காமல் எண்ணெய்க் கட்டு போட வேண்டாம், உருவி நீவிவிட வேண்டாம். கட்டுப் போடும் பெரியவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. அவர்களையும் இந்த இயக்கத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே என் விருப்பம். ஆனால் கட்டி உள்ள எலும்பைப் பிசைந்தால் எலும்பு முறியலாம், நாளும் வீணாகும். நீவிவிட்டுக்கொண்ட பிறகு வந்த ஆஸ்டியோசர்கோமா நோயாளிகளின் நிலை மற்றவர்களைவிட மோசமாக இருந்ததைத் தைவான் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

மருத்துவத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. படத்தில் சந்தேகம் வந்தால், கட்டியில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்கும் பயாப்சியில் அவசரம் வேண்டாம். கடைசி அறுவை சிகிச்சையைச் செய்யப்போகும் மையத்துக்கு அனுப்பிவிடுங்கள். பயாப்சி ஊசி போன தடத்தைப் பின்னால் கட்டியோடு சேர்த்து அகற்ற வேண்டும். அது தவறான இடத்தில் இருந்தாலோ, குறுக்குவாட்டில் கீறியிருந்தாலோ, காலைக் காப்பாற்றும் வாய்ப்பு அங்கேயே போய்விடும். அமெரிக்காவில் மேன்கின் என்ற எலும்பு மருத்துவர் 1996-இல் 597 பேரின் விவரங்களோடு வெளியிட்ட ஆய்வில், சிகிச்சை மையத்தில் செய்யாமல் வெளியே செய்த பயாப்சிகளில் தவறுகளும் சிக்கல்களும் 2 முதல் 12 மடங்கு. கட்டியால் முறிந்த எலும்பைச் சாதாரண முறிவு என்று எண்ணி உள்ளே கம்பி ஏற்றினால், எலும்பின் நீளம் முழுக்க நோய் விதைக்கப்படும். எவிங் சர்கோமா என்ற இன்னொரு எலும்புப் புற்றுநோய் காய்ச்சலோடும் வீக்கத்தோடும் வரலாம், சீழ்க்கட்டி என்று கீறிவிடுவார்கள். நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடாலி கொண்டு வெட்டுவானேன்?

சரியாக வந்தால் வழி இருக்கிறது. அறுவைக்கு முன் ஏறத்தாழ 10 வாரம் கீமோ, பிறகு கட்டியுள்ள எலும்பை மட்டும் எடுத்து உலோக மூட்டு, மறுபடி கீமோ. எடுத்த கட்டியில் புற்றணுக்கள் 90 விழுக்காட்டுக்கு மேல் செத்திருந்தால் நல்ல அறிகுறி. மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்தை மிகப்பெரிய அளவில் ஏற்றி, 24 மணி நேரத்தில் லியூகோவோரின் என்ற மாற்றுமருந்தைத் தொடங்குவார்கள். அந்த நாட்களில் கடையில் வாங்கிய வலி மாத்திரை எதையும் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. மருந்து சிறுநீரகத்தில் தேங்கி நஞ்சாகும். பரவாத நிலையில் பிடித்தால் இன்று மூவரில் இருவர் பிழைக்கிறார்கள், பெரும்பாலோர் காலையும் காப்பாற்றிக்கொள்கிறார்கள்.

நரம்பு வலிக்கு நேரம் போதவில்லை. கால் எடுத்த பிறகும் இல்லாத கால் வலிக்குமே, அதற்கு, நல்ல காலின் பிம்பத்தைக் காட்டி மூளையை ஏமாற்றும் கண்ணாடிப் பெட்டி வைத்தியத்தைக் கண்டவர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன். எரிவதும் மின்சாரம் பாய்வது போலிருப்பதும் நரம்பு வலி, அதற்குச் சாதாரண வலி மாத்திரை கேட்காது. கபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றைச் சிறிதாகத் தொடங்கி மருத்துவர் ஏற்றுவார், நாமாக நிறுத்தக் கூடாது. காப்பீட்டுக்குக் குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் தயாராக இருக்கட்டும்.

அம்மா அவர்களிடம் ஒரு கோரிக்கை. ஒவ்வொரு பள்ளி விளையாட்டு அறையிலும் ஒரு சீட்டுப் புத்தகம் வேண்டும். ஒரே காலிலா, இரவில் எழுப்புகிறதா, எத்தனை வாரம், வீக்கம் உண்டா என்ற நான்கு கேள்விகள், கீழே ஆசிரியர் கையொப்பம். அந்தச் சீட்டோடு வரும் பிள்ளைக்கு வரிசையில் நிற்காமல் அன்றே எக்ஸ்ரே கிடைக்க, கண்காணிப்பாளர் ஐயா உத்தரவிட வேண்டும். மாதிரிச் சீட்டு வாசல் மேசையில் இருக்கிறது. போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள்.