சரித்திர நாவல் வாசகர் அறிவியல் புனைகதை படிக்கலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. ஒரு நேயர் கேட்டிருக்காங்க: "நான் சரித்திர நாவல் மட்டும்தான் படிப்பேன். ஒரு மாறுதலுக்கு அறிவியல் புனைகதை ரெண்டு எடுத்துப் பார்த்தேன். ரெண்டுமே 30 பக்கம் தாண்டலை, தலையும் புரியல, வாலும் புரியல. எனக்கு அறிவியல் தெரியாததுதான் காரணமா? இல்ல, நமக்கு இது சரிப்படாதுன்னு விட்டுடலாமா?"

அறிவியல் தெரியாததை விடுங்க, அதுக்கும் இதுக்கும் பெரிய சம்பந்தம் இல்ல. தெரியாத சொல் வந்ததுமே நீங்க நின்னுடுறீங்கன்னு நினைக்கிறேன். சரித்திர நாவல்ல அப்படி நிக்கிறதில்லையே? கொத்தளம், அகழி, ஓலைநாயகம், தண்டநாயகர்... முதல் தடவை படிச்சப்ப இதையெல்லாம் யார் உங்களுக்கு விளக்கினா? தண்டநாயகர் உள்ள வர்றார், எல்லாரும் எழுந்து நிக்கிறாங்க. ஓகோ, பெரிய ஆள் போலன்னு நீங்களே ஊகிச்சுக்கிட்டு அடுத்த வரிக்குப் போயிட்டீங்க. அதே பழக்கம்தான் இங்கயும் வேணும். அது உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு.

ராபர்ட் ஹைன்லைன் 1942-ல எழுதின நாவல் ஒண்ணுல ஒரு கதவு வரும். கதவு திறந்ததுன்னு எழுதமாட்டார், விரிந்ததுன்னு எழுதுவார். கண்ணோட பாப்பா விரியுமே, அந்த மாதிரி. அவ்வளவுதான், கதை மேல போயிடும். அது எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு விளக்கமும் இருக்காது. ஏன்னா கதைக்குள்ள இருக்கறவங்களுக்கு அது வெறும் கதவு, தினம் பாக்கறது. நமக்குத்தான் புதுசு. அந்த ஒரு வரியிலேயே வேற ஒரு காலத்துக்கு வந்துட்டோம்னு தெரிஞ்சுபோகுது இல்லையா? அந்த சுகத்துக்காகத்தான் இதைப் படிக்கறவங்க படிக்கிறாங்க.

இன்னொண்ணும் இருக்கு. சாமுவேல் டிலேனின்னு ஒரு எழுத்தாளர், விமர்சகரும்கூட. அவர் காட்டுற உதாரணம் இது: "அவளுடைய உலகம் வெடித்துச் சிதறியது." குடும்ப நாவல்ல இந்த வரி வந்தா, பாவம், மனசு உடைஞ்சுபோச்சுன்னு அர்த்தம். அறிவியல் புனைகதையில வந்தா நிஜமாவே ஒரு கிரகம் காலியாகியிருக்கலாம். அதனால முதல் சில பக்கங்கள்ல எதையும் வர்ணனைன்னு ஒதுக்காதீங்க. எழுதியிருக்கறதை அப்படியே நம்பிட்டுப் போங்க.

அப்புறம், நீங்க நினைக்கிற மாதிரி இது ரெண்டும் எதிரும் புதிருமான வகைகளும் இல்ல. வால்டர் ஸ்காட்டோட 'வேவர்லி' வந்தது 1814. ஐரோப்பாவுல சரித்திர நாவலுக்கு அதைத்தான் தொடக்கமா சொல்வாங்க. மேரி ஷெல்லியோட 'ஃபிராங்கன்ஸ்டைன்' 1818. அறிவியல் புனைகதை அங்கதான் ஆரம்பிக்குதுன்னு பல பேர் சொல்றாங்க. நடுவுல வெறும் 4 வருஷம். இதுல வேடிக்கை என்னன்னா, ஃபிராங்கன்ஸ்டைன் ஆசிரியர் பேர் போடாம வந்துச்சு. அதே வருஷம் அதைப் பாராட்டி ஒரு பத்திரிகையில மதிப்புரை எழுதினவர் யாருன்னு நினைக்கிறீங்க? ஸ்காட்டேதான்! எழுதினது மேரியோட கணவர் ஷெல்லின்னு நினைச்சுக்கிட்டு எழுதியிருக்கார், அது வேற கதை. உங்க ஆளே படிச்சு ரசிச்சிருக்கார், நீங்க தயங்கலாமா?

எதுல ஆரம்பிக்கலாம்னா, சிறுகதையில ஆரம்பிங்க. சுஜாதாவோட விஞ்ஞானச் சிறுகதைகள் தொகுப்பாவே வந்திருக்கு. ஒரு கதை பிடிக்கலைன்னா அடுத்ததுக்குத் தாவிடலாம். "இந்த வகையிலேயே இதுதான் உச்சம்"னு யாராவது ஒரு தலையணை சைஸ் புத்தகத்தைக் கையில திணிச்சா, இப்போதைக்கு வாங்கி ஓரமா வெச்சுடுங்க. அந்தப் புத்தகங்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஊறினவங்களுக்குத்தான் ருசிக்கும். பல பாகத் தொடரும் வேண்டாம்.

இதெல்லாம் செஞ்சும் ஒட்டலைன்னா தாராளமா விட்டுடுங்க. எல்லா வகையும் படிக்கறவர்தான் நல்ல வாசகர்ங்கிற பேச்சுல எனக்கு நம்பிக்கை கிடையாது. டேனியல் பென்னாக்னு ஒரு பிரெஞ்சு எழுத்தாளர் 1992-ல வாசகருக்குப் 10 உரிமைகள்னு ஒரு பட்டியலே போட்டிருக்கார். புத்தகத்தைப் பாதியில மூடி வைக்கிறதும் அதுல ஒண்ணு. ஆனா 30 பக்கத்துல மூடின அந்த ரெண்டையும் யாருக்கும் கொடுத்துடாதீங்க. கொஞ்சம் சிறுகதை படிச்சுட்டு மறுபடியும் எடுத்துப் பாருங்க. அப்பவும் முதல் பக்கத்துல ஆரம்பிங்க, விட்ட இடத்துல இருந்து வேண்டாம்.

சரி, அடுத்தது ஒலிப்புத்தகம் பத்தின கேள்வி...