புது லேப்டாப் வாங்கும் முன் நண்பர்களிடம் எதைக் கேட்க வேண்டும்?

வணக்கம். சமணர் மலை, கீழடி, அழகர்கோயில் என்று மதுரையைச் சுற்றியே நடக்கும் நம் சேனலில் இன்று மலையும் இல்லை, கல்வெட்டும் இல்லை. புதிதாக வாங்கியிருக்கும் லேப்டாப்பைப் பற்றி மட்டுமே பேசப் போகிறேன். என்ன மாடல் என்று பலர் கேட்டிருந்தீர்கள். அந்தப் பெயரை நான் சொல்லப் போவதில்லை. நீங்கள் இந்தக் காணொளியைப் பார்க்கும் நேரத்தில் அது கடையில் இருக்குமா என்பதே சந்தேகம், இருந்தாலும் உங்கள் வேலைக்கு அது பொருந்தும் என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. விவரம் தெரிந்த நண்பர்களிடம் என்ன கேட்டேன், அவர்கள் சொன்னதில் எதை எடுத்துக்கொண்டேன், எதை விட்டேன் என்பதைச் சொல்கிறேன்.

என் பழைய லேப்டாப்பில் இருப்பது இன்டெலின் ஏழாம் தலைமுறை ப்ராசசர். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசசரும் வேண்டும். தனியாகப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்பதால், அந்த அவகாசத்தை வைத்துக்கொண்டுதான் நிதானமாகத் தேடத் தொடங்கினேன்.

முதலில் கேட்டது, வடபழஞ்சி ஐடி பூங்காவில் வேலை பார்க்கும் கல்லூரி நண்பனிடம். தனி கிராஃபிக்ஸ் கார்டு வைத்த கேமிங் லேப்டாப்தான் வாங்க வேண்டும் என்று அவன் அடித்துச் சொன்னான். சென்னையில் அனிமேஷன் துறையில் இருக்கும் தோழி, ஆப்பிளின் மேக்புக் ஏரைத் தவிர வேறு எதையும் பார்க்காதே என்றாள். இரண்டு பேரும் நன்றாக விவரம் தெரிந்தவர்கள், இரண்டு பேரும் சொன்னது அவரவர் வேலைக்குச் சரி. ஓட்டலில் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் என்ன சாப்பிடலாம் என்று கேட்டால், அவர் தனக்குப் பிடித்ததைத்தானே சொல்வார்?

மூன்றாவதாகப் போனது சிம்மக்கல் பக்கம் லேப்டாப் பழுது பார்க்கும் ஓர் அண்ணனிடம். 2011இல் தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கிய காலத்தில் மாணவர்கள் கொண்டுவந்த கருவிகளைக் கழற்றிக் கழற்றியே தொழில் கற்றவர் அவர். அவர் மாடல் எதையும் சொல்லவில்லை. "என்ன வேலை பார்க்கப் போறீங்க தங்கச்சி, அதச் சொல்லுங்க மொதல்ல" என்றார். அன்று இரவே உட்கார்ந்து என் வேலையை ஒரு பக்கத்துக்கு எழுதினேன். போனில் எடுத்த காணொளிகளை வெட்டி ஒட்டுவது, அதில் சில 4கே. தமிழில் நீண்ட குறிப்புகளைத் தட்டச்சு செய்வது. அச்சகத்தார் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்பாகவே கேட்பதால் விண்டோஸ் இருந்தாக வேண்டியது. மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரம் இல்லாத நாளிலும் வேலை நடக்க வேண்டியது. செலவு 65,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது. இந்த ஒரு பக்கத்தை மூன்று பேருக்கும் வாட்ஸப்பில் அனுப்பினேன்.

அதற்குப் பிறகு வந்த பதில்களின் தன்மையே மாறிவிட்டது. கேமிங் லேப்டாப் சொன்ன நண்பன், 1080பி காணொளி வெட்டுவதற்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை, இப்போதைய இன்டெல் ப்ராசசர்களுக்குள்ளேயே போன் காணொளிகளைச் சுருக்கி வைக்கும் எச்இவிசி வடிவத்தை விரித்துக் காட்டும் தனிப்பகுதி இருக்கிறது என்றான். மேக்புக் சொன்ன தோழியோ, 4கே கோப்புகளை முதலில் 720பி அளவில் ப்ராக்ஸி நகல்களாக மாற்றிக்கொண்டு அவற்றை வைத்து வெட்டும் முறையைக் கற்றுக் கொடுத்தாள். கடைசியில் மூலக் கோப்பிலிருந்து காணொளியை ஏற்றுமதி செய்யும்போது மட்டும் கொஞ்சம் காத்திருந்தால் போதும். 2024 அக்டோபர் இறுதியிலிருந்து மேக்புக் ஏரின் அடிப்படை மாடலே 16 ஜிபி மெமரியோடு வருகிறது, மின்விசிறி இல்லாததால் சத்தமும் இல்லை. அவள் பரிந்துரையில் குறை ஏதும் இல்லை. ஆனால் என் பக்கத்தில் பேஜ்மேக்கர் என்ற வரி இருந்ததைப் பார்த்ததும் அவளே அதை விட்டுவிட்டாள்.

அண்ணன் சொன்னது ஒரே ஒரு விதி, என் தேர்வு முழுவதையும் நடத்தியதும் அதுதான். பின்னால் மாற்றிக்கொள்ள முடிந்த பாகத்துக்கு இப்போது அதிகப் பணம் கொடுக்காதே, மாற்றவே முடியாத பாகத்தில் சிக்கனம் பார்க்காதே என்றார். கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியை மாற்றலாம், பேட்டரியை மாற்றலாம். ப்ராசசரை மாற்ற முடியாது. திரையை உடைந்தால்தான் மாற்றுவோம், நல்ல திரை வேண்டும் என்பதற்காக யாரும் மாற்றுவதில்லை. ராம் எனப்படும் மெமரியை மட்டும் சில மாடல்களில் மாற்றலாம், சிலவற்றில் முடியாது, ஏமாறும் இடமும் அதுதான்.

ராம், மதர்போர்டு என்ற முதன்மைப் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தால் அதை ஆன்போர்டு என்பார்கள். 8 ஜிபி ஆன்போர்டு, கூடுதல் ராமைச் செருகத் தனி ஸ்லாட் கிடையாது என்றால் அந்த லேப்டாப்பின் ஆயுள் முழுவதும் 8 ஜிபிதான். உள்கட்டமைந்த கிராஃபிக்ஸும் அந்த ராமிலிருந்தே தன் பங்கை எடுத்துக்கொள்வதால், காணொளி வெட்டும்போது மிச்சம் இருப்பது இன்னும் குறைவு. முன்பெல்லாம், ஸ்லாட் இருக்கிற மாடலாகப் பார்த்து 8 ஜிபியோடு வாங்கு, பிறகு மலிவாகச் சேர்த்துக்கொள் என்று சொல்வது நல்ல ஆலோசனையாக இருந்தது. 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் மெமரி விலை கடுமையாக ஏறியது. அந்த டிசம்பரில் மெமரி தயாரிக்கும் மைக்ரான் நிறுவனம் க்ரூஷியல் என்ற தன் சில்லறை வணிகத்தையே விட்டு விலகுவதாக அறிவித்தது. ஆகவே 16 ஜிபியை இப்போதே வாங்கிவிடு, ஸ்லாட்டும் இருக்கட்டும் என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். நான் வாங்கியதில் 8 ஜிபி ஆன்போர்டாகவும் 8 ஜிபி ஸ்லாட்டிலும் இருக்கிறது. விலை இறங்கும் நாளில் ஸ்லாட்டில் 16 ஜிபி போட்டால் மொத்தம் 24 ஆகும்.

ப்ராசசர் விஷயத்தில் வடபழஞ்சி நண்பன் செய்த உதவி பெரியது. கடைக்காரர் காட்டிய இரண்டு லேப்டாப்களின் ஸ்டிக்கரிலும் ஏஎம்டி நிறுவனத்தின் ப்ராசசரான ரைசன் 5 என்றும், 7000 வரிசை என்றும் இருந்தது. ஒன்று 7520யு, இன்னொன்று 7530யு. எண்ணில் பத்துதான் வித்தியாசம் என்று நாம் நினைப்போம். அந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் கட்டமைப்பைச் சொல்கிறது என்று அவன் விளக்கினான். 2 என்றால் ஜென் 2, அது 2019இல் வந்த கட்டமைப்பு. 3 என்றால் ஜென் 3. ப்ராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளான கோர்கள் முதலாவதில் நான்கு, இரண்டாவதில் ஆறு. போதாக்குறைக்கு 7520யு ஏற்றுக்கொள்ளும் எல்பிடிடிஆர்5 மெமரி மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டுத்தான் வரும், பின்னால் கூட்ட வழியில்லை. முதல் இலக்கமான 7, அது 2023ஆம் ஆண்டுக்கான வரிசை என்பதை மட்டுமே குறிக்கிறது. புது எண்ணுக்குள் பழைய சரக்கை வைக்க இவ்வளவு வசதியான ஒரு பெயர் முறையை யோசித்தவரை என்னவென்று சொல்வது!

இன்டெலிலும் இப்படி ஓர் இடம் இருக்கிறது. ஐ5 1335யு என்ற ப்ராசசரில் 10 கோர்கள், ஐ5 13420எச் என்பதில் 8 கோர்கள்தான். பத்து பெரிதா, எட்டு பெரிதா என்று கணக்குப் போட்டால் தவறான முடிவுக்கு வந்துவிடுவோம். யு வகையின் பத்தில் வலுவான கோர்கள் இரண்டே இரண்டு, மீதி எட்டும் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் சிறிய கோர்கள். எச் வகையில் வலுவானவை நான்கு, சிறியவை நான்கு. யு வகையின் அடிப்படை மின்திறன் 15 வாட், எச் வகைக்கு 45 வாட். தட்டச்சும் இணையமும் மட்டுமே வேலை என்றால் யு போதும், பேட்டரியும் நீடிக்கும். அரை மணி நேரம் தொடர்ந்து காணொளியை ஏற்றுமதி செய்யும் என் வேலைக்கு எச்தான் சரி என்று அதை எடுத்தேன்.

திரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. முழு எச்டி என்று பெருமையாக எழுதியிருக்கும் பல லேப்டாப்களின் விவரக் குறிப்பில் 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். நாம் இணையத்தில் பார்க்கும் படங்களுக்கான எஸ்ஆர்ஜிபி வண்ண எல்லையில் ஏறக்குறைய அறுபது சதவீதத்தை மட்டுமே அந்தத் திரை காட்டும் என்பது அதன் பொருள். 72 சதவீதம் என்டிஎஸ்சி என்றோ 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி என்றோ போட்டிருந்தால் அது வேறு தரம். இதைச் சொன்னவள் அனிமேஷன் தோழி. அவள் சொன்னபடி என் காணொளி ஒன்றைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு காளவாசல் பக்கத்துக் கடைக்குப் போனேன். கீழக்குயில்குடியில் செட்டிப்புடவுக் குகைக்குள் இருக்கும் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்களைக் காட்டும் காட்சி அது. இருட்டும் கருங்கல்லும் சேர்ந்த படம். கடைக்காரர் ஓட்டும் விளம்பரக் காணொளியில் எல்லாத் திரையும் அழகாகத்தான் தெரிகிறது. என் காட்சியைப் போட்டதும் ஒரு திரையில் சிற்பத்தின் முகமே நிழலில் கரைந்துபோனது, பக்கத்துத் திரையில் உளி பட்ட தடம்வரை தெரிந்தது. இரண்டுக்கும் விலையில் பெரிய வேறுபாடு இல்லை. நீங்களும் உங்கள் சொந்தப் படத்தையே எடுத்துக்கொண்டு போங்கள். திரையை மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள். நிறம் புரண்டால் அது மலிவான டிஎன் வகைத் திரை, ஐபிஎஸ் என்ற தரமான வகை அல்ல.

வெப்பத்தைப் பற்றி அண்ணனிடம் பேசியதையும் சொல்லிவிடுகிறேன். இயக்குவதற்கு ஏற்ற சுற்றுப்புற வெப்பநிலை 10 முதல் 35 டிகிரி வரை என்று ஆப்பிள் தன் மேக்புக் விவரக் குறிப்பில் எழுதியிருக்கிறது. நம் ஊரில் சித்திரையில் அந்த 35ஐக் காலை உணவு முடிவதற்குள் தாண்டிவிடுவோம். கோடையில் அண்ணனிடம் வருபவற்றில் பெரும்பாலானவை மின்விசிறியில் தூசி அடைத்துக்கொண்டவையும், மெத்தையின் மேல் வைத்துக் காற்று வழியை மூடியவையும்தானாம். அடியில் காற்று வழி அகலமாக இருக்கிறதா, நான்கு திருகுகளைக் கழற்றினால் மின்விசிறியைத் துடைக்க முடியுமா என்று பார்த்து வாங்கச் சொன்னார். மூடியைத் திறக்கும் இடத்தில் இருக்கும் கீல், பிளாஸ்டிக்கில் பதிந்திருக்கிறதா உலோகத்தில் பதிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னதும் அவர்தான்.

பேட்டரியை மணிக் கணக்கில் கேட்காமல் வாட்-அவர் கணக்கில் கேளுங்கள். 50 வாட்-அவர் பேட்டரி, 10 வாட் இழுக்கும் தட்டச்சு வேலைக்கு ஐந்து மணி நேரம் வரும். காணொளி வெட்டும்போது 25 வாட் இழுத்தால் இரண்டு மணி நேரம்தான். மின்தடை நாளில் நான் எழுத்து வேலையை மட்டும் வைத்துக்கொள்வேன். டைப்-சி வழியே சார்ஜ் ஆகிறதா என்பதையும் உறுதிப்படுத்துங்கள், சில லேப்டாப்களில் அந்தத் துளை தரவுக்கு மட்டுமே.

கடையிலா, இணையத்திலா என்ற கேள்விக்கு என்னிடம் பெரிய பதில் இல்லை. 18 சதவீத ஜிஎஸ்டி இரண்டிலும் உண்டு. நான் கடையில் வாங்கினேன், திரையைப் பார்க்க வேண்டியிருந்ததால். பெட்டியைக் கண் முன்னால் பிரிக்கச் சொல்லி, பெட்டியிலும் லேப்டாப்பின் அடியிலும் பில்லிலும் ஒரே வரிசை எண் இருக்கிறதா என்று சரிபார்த்தேன். அந்த எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டால் உத்தரவாதம் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று தெரியும். பழுது வந்தால் வீட்டுக்கு ஆள் வருவார்களா, நாமே சேவை மையத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பதையும் பில் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் தமிழ் 99 விசைப்பலகையை அமைப்புகளில் சேர்த்தேன், விண்டோஸ் 11இலேயே அது இருக்கிறது, தனியாக எதையும் நிறுவத் தேவையில்லை. பிறகு பேட்டரி அறிக்கை எடுத்தேன். அதற்கான கட்டளை இப்போது திரையில் தெரிகிறது. வடிவமைப்புக் கொள்ளளவும் முழு சார்ஜ் கொள்ளளவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் பேட்டரி புதிது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், 512 ஜிபி என்று பில்லில் போட்டுவிட்டு இதில் 476தானே காட்டுகிறது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டானா என்று கேட்டார். எஸ்எஸ்டி செய்பவர்கள் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார்கள், விண்டோஸ் அதே ஜிபியை 107 கோடியே 37 லட்சம் பைட் என்று எண்ணுகிறது; அதனால்தான் எண் குறைகிறது, இடம் குறையவில்லை. அப்பா அதை நம்பவில்லை. மறுநாள் அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டு உறுதி செய்துகொண்டார்.