அதனாலயா, இருந்தாலுமா?

வணக்கம், நேயர்களே.

நம் சிங்கப்பூரில் செப்டம்பர் கடைசியில் தொடக்கநிலை இறுதித் தேர்வின் எழுத்துத் தாள்கள் தொடங்கிவிடும். வீட்டில் தொடக்கநிலை ஆறில் ஒரு பிள்ளை இருந்தால் இந்த மாதங்களில் சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடம் இருக்காது. ஒரு பக்கம் கணிதம், ஒரு பக்கம் அறிவியல், நடுவில் ஆங்கில இரண்டாம் தாள். இலக்கணமும் கருத்தறிதலும் வரும் அந்த இரண்டாம் தாளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். உயர்நிலைப் பள்ளியில் பிள்ளை இருப்பவர்களும் கேளுங்கள், உங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிகளில் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தேன். ஓய்வுபெற்ற பிறகு சனிக்கிழமை காலையில் ஈசூனில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், அந்தச் சதுரங்கக் கட்டம் போட்ட கல் மேசையில், ஆறேழு பிள்ளைகளுக்குத் துணைப்பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். இத்தனை வருடத்தில் நான் கண்டது இது. பெற்றோர்கள் பெரிய சொற்களைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். 'டீச்சர், என் பிள்ளைக்கு வொக்காபுலரி போதாது' என்பார்கள். ஆனால் தாளைத் திருத்தும்போது மதிப்பெண் எங்கே போயிருக்கிறது என்று பார்த்தால், பட், சின்ஸ், அன்லெஸ், ஆல்தோ, யெட் என்று சின்னச் சின்னச் சொற்களில்தான் போயிருக்கும். எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள். தெரியும் என்பதாலேயே நின்று பார்க்காமல் கடந்து போய்விடுகிறார்கள்.

காம்ப்ரிஹென்ஷன் க்ளோஸ் என்ற பகுதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு பத்தி, அதில் 15 கோடிட்ட இடங்கள். தெரிவுக்குச் சொல் எதுவும் கொடுக்கமாட்டார்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரே ஒரு சொல்லைப் பிள்ளையே யோசித்து எழுத வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் என்ன செய்வார்கள்? கோட்டுக்கு முன்னால் இரண்டு சொல், பின்னால் இரண்டு சொல் பார்ப்பார்கள், வாயில் வந்ததை எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். அந்த இடத்துக்கான துப்பு அடுத்த வரியில் இருக்கும். சில நேரம் அதற்கும் அடுத்த வரியில் இருக்கும்.

இந்த இடத்தில் ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நேரம் கொஞ்சம் போகும், பரவாயில்லை.

என்னிடம் படித்த ஒரு பெண் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவது அவளுடைய பாட்டி. வகுப்பு முடியும்வரை பக்கத்து மேசையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. அன்றைக்கு நான் கொடுத்த பத்தியில் ஒரு தாத்தா. புளோக்கில் மின்தூக்கி பழுது. அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒன்பதாவது மாடிக்குப் படி ஏறுகிறார். 'ஹி வாஸ் எக்ஸாஸ்டட்', முற்றுப்புள்ளி. அடுத்து ஒரு கோடு, ஒரு காற்புள்ளி, பிறகு 'ஹி க்ளைம்ட் த லாஸ்ட் ஃபியூ ஸ்டெப்ஸ்'. இவள் அந்தக் கோட்டில் 'தேர்ஃபோர்' என்று எழுதியிருந்தாள். அழகான கையெழுத்து. எக்ஸாஸ்டட் என்ற கடினமான சொல்லுக்கு அர்த்தமும் தெரிந்திருந்தது.

தவறு என்று நான் சொல்லவில்லை. 'போய் இந்தக் கதையைப் பாட்டிக்குச் சொல்லிட்டு வா' என்றேன். போனாள். 'பாட்டி, ஒரு தாத்தா. ரொம்பக் களைச்சுப் போயிட்டாரு. அதனால மிச்சப் படியையும் ஏறினாரு' என்றாள். பாட்டி கீரையிலிருந்து தலை நிமிர்ந்தார். 'என்னடி பேச்சு இது? களைச்சுப் போனா மனுஷன் உக்காருவான். அதனால ஏறினாருன்னா என்ன அர்த்தம்?' என்றார். பிள்ளை உடனே, 'இல்ல பாட்டி, களைச்சிருந்தாலும் ஏறினாரு' என்றாள். சொன்ன வேகத்தில் அப்படியே நின்றுவிட்டாள். திரும்பி ஓடிவந்து, நான் ஒன்றும் சொல்லாமலே தேர்ஃபோரை அழித்துவிட்டு 'நெவர்தலெஸ்' என்று எழுதினாள்.

பாருங்கள், அந்தப் பிள்ளைக்கு நெவர்தலெஸ் என்ற சொல் முன்பே தெரியும். பள்ளியில் கொடுத்த பட்டியலில் படித்திருக்கிறாள். அந்த இடத்தில் அதுதான் வேண்டும் என்பது மட்டும் தெரியவில்லை. அதைச் சொல்லிக்கொடுத்தது ஆங்கிலம் தெரியாத பாட்டி.

மறுவாரத்திலிருந்து எல்லாப் பிள்ளைகளும் அந்தப் பாட்டியிடம் போக ஆரம்பித்தார்கள். ஒரு நாள் ஒரு பையன் போய், 'பாட்டி, ஒரு பையன் தூங்கிட்டான். அவங்க அம்மா வீட்டுக்கு வந்தாங்க. வர்றதுக்கு முன்னாடி தூங்கினானா, வந்த பின்னாடியா?' என்று கேட்டான். ஆங்கிலத்தில் அங்கே பிஃபோரா ஆஃப்டரா என்று அவனுக்குக் குழப்பம். பாட்டி, 'எனக்கு எப்படிடா தெரியும்? மேல என்ன எழுதியிருக்கு, அதைப் படி' என்றார். அடுத்த வரியில் அந்த அம்மா சத்தம் போடாமல் அடிமேல் அடி வைத்து வந்து பிள்ளைக்குப் போர்வையை இழுத்து விடுகிறார். 'அப்ப முன்னாடியே தூங்கிட்டான்' என்றார் பாட்டி. எழுதவேண்டிய சொல் பிஃபோர். நான் வருடக்கணக்காக, 'ரீட் ஆன், கோட்டோடு நிற்காதே' என்று கத்தியிருக்கிறேன். கதை கேட்கிறவர் 'மேல படி' என்று சொன்னபோதுதான் அந்தப் பையனுக்கு உறைத்தது. முடிவு தெரியாமல் கதையில் 'முன்னாடி', 'பின்னாடி' போட முடியாது என்று புரிந்துகொண்டான்.

இதனால்தான், 'டீச்சர், ஆங்கிலம் நன்றாக வர வேண்டும் என்று வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டோம்' என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் வலிக்கிறது. தயவுசெய்து நிறுத்தாதீர்கள். நான் ஆங்கில ஆசிரியை, நான் சொல்கிறேன், நிறுத்தாதீர்கள். ஒரு வாக்கியம் இன்னொரு வாக்கியத்தோடு எப்படிச் சேர்கிறது என்ற அறிவைப் பிள்ளை முதலில் பெறுவது வீட்டுப் பேச்சில்தான். தமிழ் இந்த விஷயத்தில் ஏழை மொழி இல்லை. தொல்காப்பியம் இடைச்சொல்லுக்கென்றே இடையியல் என்று ஓர் இயல் வைத்திருக்கிறது. 'உம்' என்ற ஒரே ஒரு சொல்லுக்கு எட்டுப் பொருள் சொல்கிறது. சின்னச் சொல்லுக்கு அவ்வளவு மரியாதை கொடுத்த மொழி நம்முடையது.

ஒன்றை மட்டும் பிள்ளைக்குச் சொல்லிவிட வேண்டும். தமிழில் அந்தத் துப்பு கடைசியில் வந்து ஒட்டும். மழை பெய்தாலும், மழை பெய்ததால், மழை பெய்யாவிட்டால். ஆங்கிலத்தில் அதே துப்பு வாசலிலேயே நிற்கும். ஆல்தோ, பிகாஸ், அன்லெஸ் என்று முதல் சொல்லாக வந்துவிடும். அதைக் கவனிக்காமல் உள்ளே நுழைந்த பிள்ளைக்கு வாக்கியம் முழுவதும் தடுமாற்றம்தான்.

நம் ஊரில் ஓயாமல் கேட்கும் பிழை ஒன்று: 'ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங், பட் வி வென்ட் அவுட்.' ஆல்தோவும் பட்டும் ஒன்றாக. மாண்டரினில் இந்த இரண்டுக்கும் ஈடான சொற்கள் சேர்ந்தே வரும், அந்த மொழியில் அதுதான் முறை. விளையாட்டுத் திடலில் கூடப் பேசும் பிள்ளைகளிடமிருந்து நம் பிள்ளைகளுக்கும் பழகிவிடுகிறது. ஆனால் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'மழை பெய்தாலும், ஆனால் நாங்கள் வெளியே போனோம்.' காது ஒத்துக்கொள்கிறதா? ஒத்துக்கொள்ளாது. ஆங்கிலமும் ஒத்துக்கொள்ளாது. ஆல்தோ வந்தால் பட் வராது. இன்னொரு முறை சொல்கிறேன், ஆல்தோ வந்தால் பட் வராது.

டெஸ்பைட்டைப் பாருங்கள். ஆல்தோவுக்கும் டெஸ்பைட்டுக்கும் பொருள் கிட்டத்தட்ட ஒன்று. அதனால் பிள்ளைகள் 'டெஸ்பைட் இட் வாஸ் ரெய்னிங்' என்று எழுதுகிறார்கள். தமிழில் 'மழை பெய்தாலும்' என்றால் பெய்தது என்ற வினை உள்ளே இருக்கிறது. 'மழையையும் பொருட்படுத்தாமல்' என்றால் மழை என்ற பெயர் மட்டும் போதும். ஆல்தோ என்பது பெய்தாலும். டெஸ்பைட் என்பது மழையையும் பொருட்படுத்தாமல். ஆகவே 'டெஸ்பைட் த ரெய்ன்'. இதை இப்படிச் சொன்ன பிறகு என் வகுப்பில் மறுபடி தவறு செய்த பிள்ளைகள் குறைவு.

அன்லெஸ் என்ற சொல்லுக்குள் ஏற்கெனவே ஓர் 'இல்லை' இருக்கிறது. சீக்கிரம் போகாவிட்டால் பேருந்தை விட்டுவிடுவாய் என்பதில் அந்த 'ஆவிட்டால்' தான் அன்லெஸ். அதோடு டோன்ட் சேர்த்து 'அன்லெஸ் யூ டோன்ட் ஹரி' என்றால் இரண்டு இல்லை ஆகிவிடுகிறது, பொருள் தலைகீழாகிறது.

அடுத்தது, எழுவாயும் பயனிலையும். உயர்நிலைப் பிள்ளைகள் இதைக் கேட்க வேண்டும். சாதாரண நிலை, அதாவது 'ஓ' லெவல், ஆங்கிலத் தேர்வில் பிழை திருத்தும் பகுதி வருகிறதே, அதில் முதல் வரியும் கடைசி வரியும் சரியாக இருக்கும். நடுவில் பத்து வரி. எட்டில் ஆளுக்கொரு பிழை, இரண்டில் பிழையே இல்லை. எல்லா வரியிலும் பிழை தேடுகிற பிள்ளை, சரியான இரண்டு வரியைக் கெடுத்துவிடும். அந்த எட்டில் இஸ், ஆர், வாஸ், வேர் பிழை ஒன்றாவது இருக்குமா என்று முதலில் பாருங்கள் என்பேன்.

இதில் ஏன் ஏமாறுகிறோம்? 'த பாக்ஸ் ஆஃப் மேங்கோஸ்' என்று ஆரம்பித்தால், வினைக்குப் பக்கத்தில் நிற்பது மேங்கோஸ். பன்மை. கை தானாக 'ஆர்' என்று எழுதிவிடுகிறது. தமிழில் 'மாம்பழங்கள் இருந்த பெட்டி கனமாக இருக்கிறது' என்போம். பெட்டி வினைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது, ஏமாற வழியில்லை. அதேபோல 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்'. என் நண்பர்களில் ஒருவன் வருகிறான் என்பீர்களா, வருகிறார்கள் என்பீர்களா? வருகிறான். ஆகவே இஸ். பிள்ளை ஃப்ரெண்ட்ஸ் என்ற சொல்லைப் பார்த்து ஆர் போடுகிறது. தமிழில் ஒரு தடவை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தால் உண்மையான எழுவாய் தானாக முன்னால் வந்து நின்றுவிடும்.

தமிழ் எல்லாவற்றுக்கும் கைகொடுக்கும் என்று சொல்லமாட்டேன். எ, ஆன், த எங்கே வரும் என்பதற்குத் தமிழ் உதவாது. இன், ஆன், அட் விஷயத்திலும் உதவாது, நம் 'இல்' ஒன்றே மூன்றுக்கும் வந்துவிடும். அதற்கு ஆங்கிலப் புத்தகம் வாசிப்பது ஒன்றுதான் வழி. நூலகத்துக்குக் கூட்டிப் போங்கள்.

காலத்துக்கான துப்புகளையும் சொல்லிவிடுகிறேன். சின்ஸ் 2019 என்று பார்த்தால் வினைக்கு முன்னால் ஹேஸ் அல்லது ஹேவ் இருக்கிறதா என்று தேட வேண்டும். பை த டைம் என்று பழைய கதையில் வந்தால் ஹேட் வரப்போகிறது. டிட் வந்துவிட்டால் அடுத்த வினை வெறும் வினை: டிட் நாட் கோ, டிட் நாட் வென்ட் கிடையாது. இறந்தகாலத்தை டிட் ஏற்கெனவே சுமந்துவிட்டது.

கிராமர் க்ளோஸில் பத்து இடத்துக்குப் பதினைந்து சொல் கொடுத்திருப்பார்கள், ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் ஆங்கில எழுத்து அடையாளமாக இருக்கும். அந்த எழுத்துகளில் ஐயும் ஓவும் இருக்காது, எண்களோடு குழம்பிவிடும் என்பதற்காக. ஒரு சொல்லை ஒரு தடவைதான் பயன்படுத்தலாம். அதனால் உறுதியாகத் தெரிந்ததை முதலில் போட்டு, போட்டதைப் பென்சிலால் அடித்துக்கொண்டே போகச் சொல்லுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம் என்று. வாக்கியம் இணைக்கும் பகுதிக்குத்தான் அதிக நேரம் வைத்திருந்தேன், ஐந்து கேள்வி, பத்து மதிப்பெண். வேகமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். 'நோ சூனர்' வந்தால் பின்னால் 'தேன்', வென் கிடையாது. 'ஹார்ட்லி' வந்தால் 'வென்'. இரண்டிலும் ஹேட் முதலில், ஆள் பிறகு: நோ சூனர் ஹேட் ஹி. 'நெய்தர், நார்' வந்தால் வினைக்குப் பக்கத்தில் இருக்கும் ஆளைப் பார்த்து இஸ், ஆர் போட வேண்டும். 'நாட் ஒன்லி' வந்தால் 'பட் ஆல்சோ', அங்கே பட் வரலாம். இணைத்து முடித்ததும், பழைய இரண்டு வாக்கியத்தில் இருந்த சேதி எதுவும் விட்டுப்போகவில்லையே என்று விரல் வைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். யெஸ்டர்டே என்ற ஒரு சொல் விழுந்துவிட்டாலும் மதிப்பெண் போகும்.

கட்டுரையைப் பற்றி ஒரே வரி. மோரோவர், ஃபர்தர்மோர், இன் அடிஷன் என்று பட்டியலை மனப்பாடம் செய்து ஒவ்வொரு பத்திக்கும் தலையில் வைக்கிறார்கள். இரண்டு பத்திக்கும் உள்ள உறவு 'மேலும்' தானா என்று பார்த்துவிட்டு எழுதட்டும்.

அந்தப் பாட்டி இன்னமும் சனிக்கிழமை வருகிறார். பேத்தி இப்போது உயர்நிலை இரண்டு, அவளுக்குத் துணைப்பாடம் தேவையில்லை. மற்ற பிள்ளைகள் கதை சொல்லக் காத்திருக்கிறார்கள் என்று வருகிறார். இந்த வாரம் பசலைக்கீரை.

நன்றி, வணக்கம்.