உரக்கச் சொல்லும், அதட்டாது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"பெரிதாக எழுத வேண்டிய இடத்துக்கு ஏற்ற எழுத்துரு கூர்முனையா, உருள்முனையா?" இதுதான் இன்றைய கேள்வி. உருள்முனையே என்று வாதாட வந்திருக்கிறேன். செரிஃப் என்னும் வால் இல்லாமல், கோடு தடித்து, முனை உருண்டிருக்கும் போல்டு ஃபாண்ட்தான் என் கட்சிக்காரர். அவர்மேல் எதிரணி நண்பர் மூன்று குற்றம் சாட்டினார். நாலு வரிக்கு மேல் படிக்க முடியாது, குழந்தைத்தனமாக இருக்கிறது, சொல்லுக்கு அழுத்தம் வராது என்றார்.

முதல் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். கோடு தடிக்கத் தடிக்க எழுத்தின் உள்ளே இருக்கும் வெளி சுருங்கும். அ, இ, ஞ போன்ற எழுத்துகளைச் சின்ன அளவில் போட்டால் அந்த வெளி அடைத்துக்கொண்டு ஒரு கறுப்புத் திட்டுதான் மிஞ்சும். அதனால் கட்டுரைக்கு இதைப் போடாதீர்கள். இரங்கல் செய்திக்கும் வேண்டாம். தலைப்பு, பெயர்ப் பலகை, லோகோ, செயலியின் பொத்தான், பொட்டலத்தின் முகப்பு என்று நாலைந்து சொல் தனியாக நிற்கும் இடத்துக்காகப் பிறந்த எழுத்து இது. தலைப்புக்கென்று வரைந்ததைப் பத்தியில் போட்டுவிட்டுப் படிக்க முடியவில்லை என்றால், அது எழுத்தின் குற்றமா?

அப்புறம், குழந்தைத்தனம். நடுவர் அவர்களே, இந்த உருண்டை முனை விளையாட்டு அறையில் பிறந்ததல்ல, பட்டறையில் பிறந்தது. பலகையில் எழுத்து வெட்டும் ரவுட்டர் இயந்திரத்தின் அலகு சுழன்றபடியே நகரும். அது எங்கே நின்றாலும் அங்கே ஓர் அரைவட்டம் விழும். நியான் விளக்குக்கு வளைக்கும் கண்ணாடிக் குழாயும் கூரான மூலையில் திரும்பாது. கருவி தன் இயல்பில் எழுதினால் முனை இப்படித்தான் வரும்.

1979-ல் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் தன் விற்பனையகங்களுக்கு ஒரு பொது எழுத்துருவைத் தேடியது. அதற்கு முன் ஃபோக்ஸ்வாகனுக்கு ஃபியூச்சரா எழுத்துரு, அதே குழுமத்தின் ஆடி கார்களுக்கு டைம்ஸ் எழுத்துரு என்று ஆளுக்கொரு முகம். இரண்டையும் ஒரே குடையின்கீழ்க் கொண்டுவர உருவானதுதான் வாக் ரவுண்டட் என்னும் உருள்முனை எழுத்து. கார் விற்கிறவர்கள் தங்கள் வாசலுக்கென்று செய்துகொண்ட எழுத்து அது. பிறகு அதே குடும்பத்து எழுத்து ஆப்பிள் மடிக்கணினிகளின் விசைகளிலும் பல ஆண்டுகள் இருந்தது. 2015-ல்தான் சான் பிரான்சிஸ்கோ என்னும் எழுத்துரு அந்த இடத்துக்கு வரத் தொடங்கியது. ஜப்பானியத் தேசிய இரயில்வேயின் நிலையப் பெயர்ப் பலகைகளிலும் மூலை உருண்ட கோதிக், அதாவது செரிஃப் இல்லாத எழுத்துதான் இருந்தது. ரயிலைப் பிடிக்க ஓடுகிறவருக்கு விளையாட்டுக் காட்டவா அதை எழுதினார்கள்?

மூன்றாவது குற்றம்தான் பெரியது. சொல்லுக்கு அழுத்தம் வராது என்றார் நண்பர். அழுத்தம் முனையிலிருந்து வருவதில்லை, தடிமனிலிருந்து வருகிறது. தடிமன் என்பது குரலின் அளவு. முனை என்பது குரலின் தொனி. தடித்த கோட்டுக்குக் கூர்முனையும் சேர்ந்தால், சத்தத்தோடு அதட்டலும் வந்துவிடுகிறது. மனதுக்குள் ஒரு பலகையை எழுதிப் பாருங்கள். மருத்துவமனைக் குழந்தைகள் பிரிவின் வாசலில் "கை கழுவிவிட்டு வாருங்கள்" என்று, முதலில் கட்டம் கட்டமான கூர்முனை போல்டில். ஒரு காவலாளி வழிமறிப்பதுபோல் இருக்கிறதா? அதே சொல், அதே அளவு, அதே நிறம், முனையை மட்டும் உருட்டுங்கள். இப்போது ஒரு செவிலியர் சொல்வதுபோல் இருக்கும். அதே தூரத்திலிருந்து படிக்கலாம், கை கழுவாமல் உள்ளே போகவும் மனம் வராது.

இது என் மனப்பிரமை அல்ல. 2001-ல் மூளை ஆய்வாளர்கள் வி.எஸ். ராமச்சந்திரனும் ஹப்பர்டும் இரண்டு உருவங்களை, ஒன்று முள்முள்ளாக, ஒன்று வளைவு வளைவாகக் காட்டி, இவற்றில் கிகி எது, பூபா எது என்று பொருளில்லாத இரு பெயர்களைச் சொல்லிக் கேட்டதைப் பற்றி எழுதினார்கள். 95 சதவீதத்துக்கு மேல் முள் உருவத்தைத்தான் கிகி என்றார்கள். கேட்கப்பட்டவர்களில் தமிழ் பேசுகிறவர்களும் உண்டு. மோஷே பார், மைட்டல் நெட்டா இருவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்விலும், கூரான பொருள்களைவிட வளைந்த பொருள்களையே மக்கள் அதிகம் விரும்பியது தெரிந்தது. உருவத்துக்குக் குரல் உண்டு, நடுவர் அவர்களே. எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கிறவர் அந்தக் குரலைத்தான் தேர்ந்தெடுக்கிறார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மூலையைக் கொஞ்சம் மழுக்கினால் இந்த எழுத்து கிடைத்துவிடும் என்று நண்பர் போகிற போக்கில் சொன்னார். எனக்கு மனசு வலித்தது. உருண்ட முனை கண்ணுக்குக் குட்டையாகத் தெரியும். அதை ஈடுகட்டக் கோட்டை, எழுத்துகள் நிற்கும் அடிவரிக்குக் கீழே ஒரு மயிரிழை இறக்க வேண்டும். படுக்கைக் கோட்டை நிமிர்ந்த கோட்டைவிடக் கொஞ்சம் மெலிதாக வரைந்தால்தான் இரண்டும் ஒரே தடிமனாகத் தெரியும். கோடுகள் சேரும் இடத்தில் கறுப்பு திரளாமல் உள்ளே செதுக்க வேண்டும். இதையெல்லாம் செய்யாமல் மென்பொருளில் மூலையை மட்டும் உருட்டினால் ஊதிய பலூன்தான் வரும். அப்படி வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் பலர் இந்த எழுத்தையே வெறுக்கிறார்கள்.

தமிழில் எப்படி என்று கேட்பீர்கள். எழுத்துரு வடிவமைக்கும் ஏக் டைப் குழுவினரின் பாலூ எழுத்துருவைப் பாருங்கள். நல்ல தடிமன், உருண்ட முனை, யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். பல மொழிகளுக்கு உடன்பிறப்பின் பெயர் வைத்தார்கள். மலையாளத்துக்குச் சேட்டன், தெலுங்குக்குத் தம்முடு, நமக்குத் தம்பி. தமிழுக்கு இந்த வடிவம் பொருந்துவதற்கு நான் காணும் காரணம் புள்ளிதான். மெய்யெழுத்தின் தலையில் ஏற்கெனவே ஓர் உருண்டை இருக்கிறது. கோட்டின் முனையும் உருளும்போது, புள்ளியும் கோடும் ஒரே பேனாவிலிருந்து இறங்கியதுபோல் சேர்ந்துவிடுகின்றன.

நண்பர் கூர்முனைக்குக் கேட்ட நீதிமன்ற அறிவிப்பையும் எச்சரிக்கைப் பலகையையும் அவருக்கே விட்டுவிடுகிறோம். வரவேற்கும் வாசலையும், வழிகாட்டும் அம்புக்குறியையும், விரல் தொடும் பொத்தானையும் எங்கள் அணிக்குத் தாருங்கள், நடுவர் அவர்களே. வணக்கம்.